செவி வழியே புதினங்கள்: ஒரு வாசகரின் கணிப்புகள்

திருக்குறளின் அதிகார வைப்பில் நுட்பம் ஒன்று உண்டு. கல்வியைத் தொடர்வது கல்லாமை. கல்லாமையைத் தொடர்வது கேள்வி. கற்கும் வாய்ப்பு இழந்தவனுக்கும் செவி என்னும் வாயில் திறந்தே கிடக்கிறது என்பதை அந்த வரிசையே சொல்லாமல் சொல்கிறது. இதனை உரையாசிரியர் எவரும் விளக்கித்தான் மலேசியத் தமிழர் அறிய வேண்டும் என்பதில்லை. ரப்பர்த் தோட்டத்து லயங்களில், மாலை நேரங்களில் எழுத்தறிந்த ஒருவர் மண்ணெண்ணெய் விளக்கருகே அமர்ந்து, 1924இல் தோன்றி 2019இல் நின்றுபோன 'தமிழ் நேச'னையோ, 1935இல் தோன்றிய 'தமிழ் முர'சையோ உரக்கப் படிப்பார். பால் வெட்டிக் களைத்து வந்தோர் சுற்றிலும் அமர்ந்து கேட்பர். செய்தி முடிந்த பின் தொடர்கதை தொடங்கும். கதை கேட்டவர்களுள் கையெழுத்திடத் தெரியாதவர்கள் பலர். ஆயினும் கதைமாந்தரின் குணங்குறைகளை மறுநாள் வெளிக்காட்டில் நிரைக்கு நிரை நின்று அவர்கள் விவாதித்தனர். இலக்கியத் திறனாய்வு என்று அதற்கு எவரும் பெயரிடவில்லை.

ஆகவே, இன்று கைத்தொலைபேசி வழியே கேட்கப்படும் ஒலிநூலைப் புதுமை என்று வியப்பதும், படிப்பைக் கெடுக்க வந்த சோம்பல் என்று வைவதும் ஒருங்கே பொருந்தாதவை. எத்தகைய புதினம் செவிக்கு ஏற்றது, எது கண்ணையே நாடுவது, எந்த இடத்தில் குரல் எழுத்துக்குத் துணையாகிறது, எந்த இடத்தில் அதனை விழுங்கிவிடுகிறது என்பனவே கேட்க வேண்டிய கேள்விகள். இவற்றை ஆராய அண்மையில் நான்கு புதினங்களை முடித்த ஒரு வாசகரின் கருத்துகள் நல்ல வாய்ப்பளிக்கின்றன. அவர் பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் கிராணியாராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர், எழுபத்தைந்தைக் கடந்தவர். இரு கண்களிலும் புரை விழுந்து, ஒன்றன்பின் ஒன்றாக அறுவை செய்துகொண்ட இடைக்காலத்தில் அவருக்குச் செவியே துணையாயிற்று. இரண்டு புதினங்களைக் கேட்டார். பார்வை தெளிந்த பின் இரண்டைப் படித்தார். அவருடைய கணிப்புகள் எல்லாம் ஏற்கத்தக்கவை அல்ல. எனினும், அனுபவத்தில் பிறந்தவை.

முதலில் கேட்டது கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் தொடராக வந்து ஐந்து பாகங்களாக நூலுருப் பெற்ற அதனை அவர் இளமையிலேயே இருமுறை படித்தவர். அந்நாளில் சலிப்பூட்டிய ஒன்று இப்போது இன்பம் தந்தது என்கிறார். கதாசிரியர் முன் நடந்ததை மீண்டும் மீண்டும் நினைவூட்டுவார். ஒரு மாந்தர் பிறிதொரு மாந்தரிடம் வாசகர் ஏற்கெனவே அறிந்ததையே எடுத்துரைப்பார். நன்னூலார் நூற்குற்றம் பத்தினுள் 'கூறியது கூறல்' என்பதையும் எண்ணினார். படிக்கும் கண்ணுக்கு அது குற்றமே. ஆனால், கேட்பவன் பின்னோக்கிப் பக்கம் புரட்ட இயலாதவன். வாரத்துக்கு ஒருமுறை படித்தோரின் மறதிக்காகக் கல்கி செய்த உதவி, எழுபது ஆண்டுகளுக்குப் பின் கண் கட்டிய ஒருவருக்கும் உதவிற்று. இந்த நோக்கு நுட்பமானது. தொடர்கதையின் இலக்கணம் செவியின் இலக்கணத்தோடு நெருங்கிய உறவுடையது என்பதை நூலறிவு மிக்க திறனாய்வாளர் பலரும் கண்டுரைத்ததில்லை.

அவர் அந்நூலை இருவகைப் பதிவுகளில் கேட்டார். ஒன்று ஒற்றைக் குரலில் அமைந்தது. மற்றொன்று மாந்தர்தோறும் ஒரு குரல், இடையிடையே குதிரைக் குளம்பொலி, வாளொலி, பின்னணி இசை என்று நாடகம்போல் அமைந்தது. இரண்டாவதே சிறந்தது என்பது அவர் முடிவு. வானொலி நாடகங்களுக்காகக் காத்திருந்த தலைமுறையைச் சேர்ந்தவர் அங்ஙனம் கூறுவதில் வியப்பில்லை. ஆயினும் இம்முடிவு மறுக்கத்தக்கது.

'பொன்னியின் செல்வ'னில் வந்தியத்தேவனைவிட, குந்தவையைவிட, வாசகரோடு மிகுதியாக உறவாடும் மாந்தர் ஒருவர் உளர்; அவர் கதை சொல்லியே. வீரநாராயண ஏரிக் கரையில் ஆடிப்பெருக்கு நாளில் வாசகரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வதும், ஆழ்வார்க்கடியான் நம்பியின் சண்டையைக் கண்டு தாமும் நகைப்பதும், கதை முடிந்த பின்னும் முடிவுரை எழுதி வாசகர்களின் மனக்குறைகளுக்கு விடை கூறுவதும் அவரே. பல குரல் முறையில் இந்த உறவு தளர்ந்துவிடுகிறது. உரையாடல்கள் ஓங்குகின்றன, கதை சொல்லியோ இரு காட்சிகளுக்கு இடையே அறிவிப்பு வாசிப்பவராகச் சுருங்குகிறார்.

அதனினும் பெரிய இழப்பு நந்தினிக்கு நேர்கிறது. அவள் பேசும் ஒவ்வொரு சொல்லும் உண்மையாகவும் இருக்கலாம், நடிப்பாகவும் இருக்கலாம். பெரிய பழுவேட்டரையரிடம் அவள் உருகும்போது அதில் ஒரு துளி நன்றியேனும் உண்டா? கரிகாலனோடு கடம்பூர் மாளிகையில் பேசுகையில் பழியுணர்ச்சி மட்டுமா பேசுகிறது? கல்கி விடை கூறாமல் விட்டார். கரிகாலனைக் கொன்ற கை எது என்பதையும் இருளிலேயே வைத்தார். அச்செழுத்து இந்த ஐயத்தைக் காத்து நிற்கும். நடிக்கும் குரலோ ஏதேனும் ஒன்றைத் தெரிந்தே ஆக வேண்டும். வஞ்சகக் குரலைத் தெரிந்துவிட்டால், கேட்பவர் ஐயுறும் உரிமையை முதற் காட்சியிலேயே இழக்கிறார். கதையை மட்டும் வேண்டுவோர்க்குப் பல குரல் பதிவு போதும். புதினத்தை வேண்டுவோர் ஒற்றைக் குரலையே நாடுதல் நலம்.

அடுத்து அவர் கேட்டது தி. ஜானகிராமனின் 'மோகமுள்'. இதில் அவருடைய கருத்தே வெல்கிறது. இளமையில் இந்நூலை ஐம்பது பக்கங்களோடு மூடி வைத்தவர் அவர். கும்பகோணத்து அக்கிரகாரப் பேச்சு, தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவருக்குத் தாளில் அயலாகத் தோன்றியது. அந்த வழக்கினை இயல்பாகப் பேசவல்ல ஒருவர் படிக்கக் கேட்டபோதோ, பாபுவும் தந்தை வைத்தியும் அடுத்த வீட்டில் பேசிக்கொள்வதுபோல் ஆயிற்று என்கிறார். வட்டார வழக்குப் புதினங்களை அவ்வட்டாரம் அறியாதார் அணுகுவதற்கு ஒலிநூல் தக்கதொரு வழி என்பது இதனால் பெறப்படும். பள்ளி மாணவர்க்கு இத்தகைய புதினங்களை அறிமுகம் செய்யும் ஆசிரியர்களும் இதனைக் கருத்திற் கொள்ளலாம்.

மேலும், 'மோகமுள்' குரலைப் பற்றிய புதினம். ரங்கண்ணா தம் மாணவனுக்குக் கற்பிப்பது பாட்டு மட்டுமன்று. உலகின் ஒலிகளையெல்லாம் நாதமாகக் கேட்கும் பழக்கமுமாகும். வடநாட்டுப் பாடகரின் பண்பட்ட குரலைக் கேட்டுத் தன் குரலின் குறையை உணரும் பாபு, இறுதியில் குரற்பயிற்சி நாடி வடக்கே செல்கிறான். இத்தகைய நூலைச் செவியால் பெறுவது பொருத்தமே. ஆனால், அவர் கேட்ட பதிவில் அத்தியாயந்தோறும் மின்விசைப்பலகையில் ஏதோ ஒரு மெட்டை ஒலித்திருந்தனராம். ரங்கண்ணா இருந்திருந்தால் எழுந்து சென்றிருப்பார் என்று அவர் நொந்துகொள்கிறார். யமுனாவைப் பற்றி மட்டும் அவர் வாய் திறப்பதில்லை. ஒரு நாவலைப் பற்றி முதியவர் ஒருவர் காக்கும் மௌனத்தையும் கருத்தாகவே கொள்ள வேண்டும்.

கண் தெளிந்த பின் அவர் எடுத்தது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. 1972இல் நூலாக வந்த இப்புதினத்தின் களம் தமிழகமன்று. மேடானும் பினாங்கும் சுமத்திராவின் காடுகளும். ஆசிரியர் இளமையில் மேடானில் வாழ்ந்து, போருக்குப் பின் 1946இல் தமிழகம் திரும்பியவர். செட்டியார் கிட்டங்கிகளின் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் முதலியோரும், சப்பானியர் ஆட்சியும், இந்திய தேசிய இராணுவமும் இதிற்போல் உயிரோடு எழுந்து நிற்கும் புதினம் தமிழில் வேறில்லை. இவ்வட்டாரத்துத் தமிழர் தம் பாட்டன்மாரின் உலகை அறிய முதலில் கையில் எடுக்க வேண்டிய நூல் இது. நூலை எழுதியவர் மதுரையில் தனியறையில் வாழ்ந்து 1997இல் மறைந்தார். உரிய புகழ் அவர் உயிரோடிருந்த நாளில் வந்து சேரவில்லை என்பது தமிழுலகுக்குப் பெருமை தருவதன்று.

இந்நூல் செவிக்கு ஆகாது என்று வாசகர் அடித்துக் கூறுகிறார். காரணமும் காட்டுகிறார். மேடான் தெருவில் நிற்கும் பாண்டியனின் மனம், முன்னறிவிப்பு ஏதுமின்றி மதுரைத் தெருக்களுக்கும் சின்னமங்கலத்துச் சந்தைக்கும் தாவிவிடும். நண்பர்கள் குடித்துப் பேசும் இடங்களில் சங்கப் புலவர் முதல் சமயக் குரவர் வரை அனைவரும் எள்ளி நகையாடப்படுவர். பழைய நூல்களின் நடையே கேலிக்கு உருவாகும். மலாய்ச் சொற்களும் ஒல்லாந்தர் இட்ட தெருப் பெயர்களும் விரவி வரும். நின்று, திரும்பி, முன்பக்கம் புரட்டிப் படித்தாலன்றி விளங்காது என்பது அவர் வாதம். பெரும்பகுதிக்கு இது உண்மை.

ஆனால், நூலுக்குப் பெயர் தந்த கடற்பயணத்தை அவர் மறந்துவிட்டார். பினாங்கு நோக்கிச் செல்லும் தொங்கான் புயலில் சிக்கும் அந்த இடத்தில், ஆசிரியர் நீண்ட வாக்கியங்களைக் கைவிட்டுச் சொற்களை அலைபோல் எறிகிறார். அப்பக்கங்களை வாய்விட்டுப் படிக்காதவர் பாதியே படித்தவர். ஆக, ஒரே நூலுக்குள்ளும் கண்ணுக்குரிய பக்கங்களும் செவிக்குரிய பக்கங்களும் உண்டு. நூலை முழுமையாக ஒரு பக்கம் ஒதுக்கிய வாசகரின் தீர்ப்பு இந்த இடத்தில் சறுக்குகிறது.

நான்காவது நூல் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்'. 1993இல் வெளிவந்த மலேசியப் புதினம். சப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைத்து 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைத்த இருப்புப் பாதையைப் பற்றியது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரவர். வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் அடியும் அவர்களைக் கொன்று குவித்தன. நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் காஞ்சனபுரியில் வரிசையாக நிற்கின்றன. தமிழ்த் தொழிலாளருள் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல் இல்லை.

வாசகர் இந்நூலைக் கண்ணால் படித்துவிட்டுச் சொன்னது கடுமையானது: 'இது செய்தி, நாவல் ஆகவில்லை.' நடை தட்டையாக இருக்கிறது, நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படுகின்றன, மாந்தரின் உள்ளத்துக்குள் ஆசிரியர் போதிய அளவு இறங்கவில்லை என்றார். சிங்காரத்தைப் படித்து முடித்த சூட்டோடு எதனைப் படித்தாலும் அப்படித்தான் தோன்றும். எனினும் குற்றச்சாட்டைத் தள்ளிவிட இயலாது. தாளில் படிக்கும்போது அந்தத் தட்டைத்தன்மை இருக்கவே செய்கிறது.

அவருடைய தாய்மாமன் அந்த இரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர். அவர் மறைந்த செய்தி கடிதமாக வரவில்லை. எழுதுவார் இல்லை, வந்தாலும் படிப்பார் இல்லை. போர் முடிந்து உயிரோடு திரும்பிய ஒருவர் லயத்து வாசலில் உட்கார்ந்து சொன்னார். எந்த முகாம், என்ன நோய், எத்தனை நாள், யார் குழி வெட்டினார்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக, குரலில் ஏற்ற இறக்கமின்றிச் சொன்னார் என்பது வாசகரின் தாயார் வாழ்நாள் முழுதும் எடுத்துரைத்த செய்தி. சயாம் சென்று மீண்டோர் கதை சொன்ன முறை இதுவே. சண்முகத்தின் நடை பிறந்த ஊற்றும் இதுவாகவே இருத்தல் கூடும். உள்ளத்தை ஆராய்வதற்கு அவர்களிடம் சொற்கள் இருந்ததில்லை. நிகழ்ந்ததைச் சொல்லவே மூச்சு இருந்தது. அழகுபடுத்தப்படாத அந்தச் சொல்முறைக்கு ஏற்ற உறுப்பு செவியே. கண் தட்டை என்று ஒதுக்கியதைச் செவி சாட்சியம் என்று ஏற்கும்.

வாசகர் இதனை ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் இடைநிலைப்பள்ளியில் பயிலும் தம் பேத்தியை அழைத்து அந்நூலை உரக்கப் படிக்கச் செய்து, கைத்தொலைபேசியில் பதிந்து வருகிறார். இதுவரை மூன்று அத்தியாயங்கள் முடிந்துள்ளன. பேத்தி ஊர்ப் பெயர்களில் தடுமாறுகிறாள். ஓரிடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடிக்கும் ஒலியும் பதிந்துவிட்டது. அழித்துவிட்டு மீண்டும் படிக்கிறேன் தாத்தா என்று அவள் கேட்டிருக்கிறாள். அப்படியே இருக்கட்டும் என்று கூறிவிட்டார்.