ஆக்கல், அடக்கல்: கொங்குத் தோலிசையில் பிறரை இசைக்கவைக்கும் கைகள்

ஆய்வுச் சுருக்கம்

தோலிசைக் கலைஞரைத் திறனாய்வோர் பெரும்பாலும் அவரது கைவேகத்தையும் தாளக் கணக்கையுமே அளவுகோலாகக் கொள்கின்றனர். அவரது கை பிற கைகளை எவ்வாறு இயக்குகிறது என்ற வினா குறைவாகவே எழுப்பப்படுகிறது. சிலப்பதிகாரத்திற்கு அடியார்க்குநல்லார் தந்த உரை விளக்கத்தைக் கருவியாகக் கொண்டு, கொங்கு நாட்டின் உடுக்கை, பறை ஆகிய இரு மரபுகளில் இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னுரை

கோயம்புத்தூரிலும் அதனைச் சூழ்ந்த கொங்கு வட்டாரத்திலும் தோற்கருவி ஒலிக்காத விழா இல்லை, இழவும் இல்லை. கோயில் நோன்பில் துடும்பு, சாமியழைப்பில் உடுக்கையும் பம்பையும், இறுதி ஊர்வலத்தில் பறை என ஒவ்வொரு நிகழ்வுக்கும் உரிய கருவி உண்டு. இவற்றை இசைப்போர் தனித்து அமர்ந்து கேட்பதற்கென்று இசைப்பவர் அல்லர். ஒருவரைப் பாடவும், ஒருவரை ஆடவும், ஒருவரை அருள்வந்து நிற்கவும் வைப்பதே இவர்களின் பணி. ஆகவே, மேடைக் கச்சேரிக்கு வகுத்த அளவுகோலை இவர்கள் மீது அவ்வாறே ஏற்றுவது பொருந்தாது. பொருந்தும் அளவுகோல் ஒன்று தமிழ் உரைமரபிலேயே உள்ளது.

நிரம்பையர் வகுத்த இலக்கணம்

சிலப்பதிகார அரங்கேற்று காதை மாதவியின் அரங்கேற்றத்திற்குத் துணைநின்ற ஆசிரியர்களை வரிசைப்படுத்துகிறது. ஆடலாசிரியன், இசையாசிரியன், நூல்வல்ல புலவன் ஆகியோரை அடுத்துத் தண்ணுமை ஆசிரியன் வருகிறான். குழலோனும் யாழோனும் அவனுக்குப் பின்னரே இடம்பெறுகின்றனர். அவனது தொழிலை இளங்கோவடிகள் ஆக்கல், அடக்கல் என்னும் இரு சொற்களில் அடக்கிவிடுகிறார். இச்சொற்களுக்கு விளக்கம் தந்த அடியார்க்குநல்லார், கொங்கு நாட்டில் விசயமங்கலத்தை அடுத்த நிரம்பையைச் சேர்ந்தவராகக் கருதப்படுபவர்; பொப்பண்ண காங்கேயரின் ஆதரவில் உரை வரைந்தவர். கார்மேகக் கவிஞரின் கொங்கு மண்டல சதகம் அவரைத் தம் மண்ணின் பெருமையாகப் போற்றுகிறது. உ.வே.சாமிநாதையர் 1892இல் பதிப்பித்தபோது அவ்வுரை அச்சேறியது.

உரையின் கருத்து இதுவே: பாடலும் குழலும் யாழும் இயைந்து செல்லுமிடத்து, அவற்றில் நிரம்பாது நிற்கும் இசையைத் தன் கருவியால் நிரப்புவது ஆக்கல், மிகுந்து செல்வதைக் கட்டுப்படுத்துவது அடக்கல். இங்குத் தண்ணுமை ஆசிரியனின் திறன் அவன் கருவியில் மட்டும் இல்லை. பிறர் இசை குறைவின்றி வெளிப்படுவதில்தான் அது மெய்ப்படுகிறது. பிறரை இசைக்கவைப்பவனே முழவுத் தொழிலின் முதல்வன் என்பது இதன் பெறுபேறு.

அதே உரையில் மற்றொரு செய்தியும் உண்டு. அடியார்க்குநல்லார் முழவுகளை அகமுழவு முதலாக 7 வகையாகப் பகுக்கிறார். மத்தளம் முதலியன உத்தமம். தண்ணுமை, தக்கை முதலியன மத்திமம். கணப்பறை முதலியன அதமம். தண்ணுமையோனை முதல்வன் என்று ஏற்கும் உரை, அவன் கருவிக்கு இடைநிலையையே தருகிறது. பறைக்குக் கடைநிலையைத் தருகிறது. தொழிலைக் கொண்டு கலைஞனை மதித்தல், கருவியைக் கொண்டு தரம் பிரித்தல் என்னும் இருவேறு அளவுகோல்கள் ஒரே உரைக்குள் உறைகின்றன. பிற்காலத் தமிழ்ச் சமூகம் இரண்டாவதையே இறுகப் பற்றிக்கொண்டது என்பதை மறுக்க இயலாது.

உடுக்கையும் பக்கப்பாட்டும்

கொங்கின் பெருங்கதையான அண்ணன்மார் கதை உடுக்கையடிப் பாட்டாக வழங்கிவருவது. கவிஞர் சக்திக்கனல் 1971இல் ஏட்டுப் பிரதியைக் கொண்டு அதனைப் பதிப்பித்தார். கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக், காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் 1965இல் ஒலிப்பதிவு செய்த பாடத்தை, ஆசியவியல் நிறுவனம் 1992இல் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக வெளியிட்டது. இவ்விரு பதிப்புகளும் இல்லையெனில் கொங்கு வாய்மொழி இலக்கிய ஆய்வு இன்றைய நிலையை எட்டியிராது. எனினும், இரண்டிலும் ஆய்வின் அலகு சொல்லே. அச்சுப் பக்கத்தில் உடுக்கை ஒலிப்பதில்லை.

இவ்விழப்பு சிறிதன்று. உடுக்கையின் இடையிலுள்ள கயிற்றை இடக்கை இறுக்கியும் தளர்த்தியும் சுருதியை மாற்ற, வலக்கை விரல்கள் அடியைத் தருகின்றன. கதைசொல்லி வசனத்தில் செல்லும்போது உடுக்கை தாழ்கிறது. பாட்டாக உயரும்போது எழுகிறது. சொல் நிற்கும் இடத்தில் அதுவே கதையை நடத்துகிறது. பக்கப்பாட்டுக்காரர் எவ்விடத்தில் அடியை வாங்கித் திருப்பிப் பாடவேண்டும் என்பதை உடுக்கையே அவருக்கு உணர்த்துகிறது. ஆக்கலும் அடக்கலும் என்று உரையாசிரியர் கூறியது இங்குக் கண்முன் நிகழ்கிறது.

பக்கப்பாட்டு ஒரு துணைப்பணி மட்டும் அன்று. அது ஒரு கல்விமுறையும் ஆகும். பாடம் சொல்லித் தரப்படுவதில்லை. இரவெல்லாம் வாங்கிப் பாடுபவரிடம் கதையும் தாளமும் தாமே படிகின்றன. அடுத்த உடுக்கை அவ்விடத்திலிருந்தே புறப்படுகிறது. கேட்போரும் இதற்குப் புறம்பானவர் அல்லர். மணப்பாறையை அடுத்த வீரப்பூர் மாசித் திருவிழாவின் படுகள நிகழ்வில் அருள்வந்தோர் இறந்தவராய் வீழ்ந்து மீண்டும் எழுப்பப்படும்போது, கேட்டவரே கதைமாந்தராகின்றனர். படுகளம்வரை தொடரும் இவ்வியக்கத்தைச் சொற்களை மட்டும் கொண்ட பதிப்பால் விளக்கிவிட முடியாது. வாய்மொழிக் காப்பியங்களின் இனிவரும் பதிப்புகள் அடி எழும் இடத்தையும் அடங்கும் இடத்தையும் குறிக்கவேண்டியது இன்றியமையாதது.

பறை: அடித்தவர், மறுத்தவர், கற்பித்தவர்

தொல்காப்பியம் அகத்திணையியலில் பறையைக் கருப்பொருள்களுள் ஒன்றாக எண்ணுகிறது. ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய பறை உண்டு. புறநானூற்று 335ஆம் பாடல் பறையனைத் துடியன், பாணன், கடம்பன் ஆகியோருடன் குடிகளுள் வைத்துப் போற்றுகிறது. பிற்காலத்தில் அது ஒடுக்கப்பட்ட சாதியினர் மீது சுமத்தப்பட்ட இழவுக் கடமையாயிற்று. கொங்கின் ஊரமைப்பும் இதற்கு விலக்கன்று.

இந்நிலையில், 20ஆம் நூற்றாண்டில் சாதி எதிர்ப்பு இயக்கங்களின் தாக்கத்தால் பலர் பறையடிக்க மறுத்தனர். கலை அழிவின் அடையாளமாகவே இம்மறுப்பு சில ஆய்வுகளில் சுட்டப்படுகிறது. அது பிழையான வாசிப்பு. மறுக்கும் உரிமை இல்லாதவரின் இசை கட்டளைக்குக் கீழ்ப்படிதலே. மறுத்தவர்கள்தாம் அதனை விரும்பி ஏற்கத்தக்க கலையாக மாற்றினர். அவ்வகையில் குச்சியைக் கீழே வைத்த கையும் பிறரை இசைக்கவைத்த கையே. உரையாசிரியரின் சொல்லில், அது மிக உயர்ந்த அடக்கல்.

அதன் பின்னரே இன்றைய ஆக்கல் இயலுவதாயிற்று. கோயம்புத்தூரின் நிமிர்வு கலையகம் பறையை ஆண், பெண் என்ற வேறுபாடின்றிப் பயிற்றுவித்து வருகிறது. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்களே பறையை ஏந்தினர். அலங்காநல்லூரின் வேலு ஆசானிடம் கற்றோர் பலர். அவருக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பயிற்சியின் வடிவமும் கருதத்தக்கது. இடக்கையில் சிண்டுக்குச்சியும் வலக்கையில் அடிக்குச்சியும் ஏந்தியவர்கள் வட்டமாக நிற்கின்றனர். ஆசான் ஓர் அடியைச் சொல்லாலும் கையாலும் தருகிறார்; வட்டம் அதனைத் திருப்பித் தருகிறது. பிழைத்த கையைச் சுற்றியுள்ள கைகள் தாங்கிச் செல்கின்றன. நிரம்பாததை நிரப்புதல் இங்கு ஆசான் ஒருவரின் பணியாக நில்லாமல் வட்டத்தின் பணியாகிவிடுகிறது.

எழும் வினாக்கள்

இப்பரவலைப் பாராட்டுவதோடு திறனாய்வு நின்றுவிடலாகாது. முதலாவதாக, பயிலரங்கம் சில அடிகளையே பொதுமையாக்குகிறது. ஊருக்கு ஊர், நிகழ்வுக்கு நிகழ்வு வேறுபட்ட அடிகள் அதன் கால எல்லைக்குள் அடங்குவதில்லை. இரண்டாவதாக, கல்லூரி மேடையில் பறை பெறும் மதிப்பு இழவு வீட்டில் அடிப்பவருக்குத் தானாகச் சென்று சேர்வதில்லை. கருவியின் இழிவு நீங்கியது எனக் கூறுவோர், அதனை அடிப்பவரின் இழிவு நீங்கியதா என்று கேட்டாகவேண்டும். மூன்றாவதாக, பறையைத் தமிழரின் பொதுச் சொத்து என்று மட்டும் முழங்கும்போது, நூற்றாண்டுகளாக இழிவைத் தாங்கி அதனைக் காத்தவர்களின் வரலாறு மறைந்துபோகும். பொதுமை என்பது உடைமையைப் பகிர்வதாயின், கடனையும் பகிரவேண்டும்.

இவ்வினாக்களுக்கு விடை, கற்பித்தலைக் குறைப்பதில் இல்லை. கற்பவரின் அடக்கலில் உள்ளது. யாரிடம் எந்த அடியைக் கற்றோம், அவர் எவ்வூரில் எந்நிகழ்வில் அதனை அடித்தார் என்பதைக் கற்பவர் தம் இசையோடு சேர்த்துச் சொல்லவேண்டும். உடுக்கை மரபில் பக்கப்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவதைப் போன்றது அது. வாங்கியவர் தாம் எவரிடம் வாங்கினார் என்பதை மறைப்பதில்லை.

முடிவுரை

அடியார்க்குநல்லாரின் உரையில் உள்ள இரு அளவுகோல்களுள், கருவியைத் தரம் பிரிக்கும் அளவுகோலைக் கைவிட்டு, பிறர் இசையை நிரப்பியும் நெறிப்படுத்தியும் நிற்கும் தொழிலை மதிக்கும் அளவுகோலை ஏற்பதே பொருத்தம். அதன்படி உடுக்கைப் பாடகரும் பறை ஆசானும் தண்ணுமை முதல்வனும் ஒரே வரிசையினர். பறையடிக்க மறுத்தவரும் அவ்வரிசையில் நிற்கத் தக்கவரே. கொங்குத் தோலிசையை ஆராய்வோர் அடிகளைத் தொகுப்பதோடு, ஒரு கை எக்கையிலிருந்து அடியைப் பெற்றது என்ற வழியையும் தொகுப்பார்களாயின், முழவின் வரலாறு முழவு அடித்தோரின் வரலாறாகவும் அமையும்.