போல்ட்டை வெட்டும் கத்தி: சோதனையா, வேடிக்கையா?

ஒரு பட்டறை மேசை. அதன் மேல் தடித்த இரும்புப் போல்ட்டு ஒன்று கிடத்தப்பட்டிருக்கிறது. போல்ட்டின் மேல் ஒரு வேட்டைக் கத்தியின் வாயை வைக்கிறார்கள். கத்தியின் முதுகில் சுத்தியல் ஓங்கி இறங்குகிறது. போல்ட்டு இரண்டு துண்டாகிறது. கத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. பார்ப்பவர் வாய் பிளக்கிறார், பணப்பையும் திறக்கிறது.

அமெரிக்காவின் பக் கத்தி நிறுவனத்தை அறிந்தவர்கள் இக்காட்சியை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். கத்தி, போல்ட்டு, சுத்தியல் மூன்றும் சேர்ந்த படம் அந்நிறுவனத்தின் வணிகச் சின்னமாகவே ஆகிவிட்டது. இன்று இணையத்தில் கத்தி விற்போர் காட்டும் வேடிக்கைகளுக்கு எல்லாம் இதை மூத்த உறவினர் எனலாம். காரின் கதவைக் குத்துகிறார்கள். மடக்குக் கத்தியில் எடைக் கற்களைத் தொங்கவிடுகிறார்கள். கத்தியைத் தடியால் அடித்து மரத்தைப் பிளக்கிறார்கள்.

வாசகர்களே, இவை எல்லாம் பொய் என்று சொல்ல நான் வரவில்லை. போல்ட்டு உண்மையில் வெட்டுப்படுகிறது. கதவு உண்மையில் ஓட்டையாகிறது. நடந்த நிகழ்ச்சி உண்மை. அதைக் காட்டி நம்மை நம்பச் செய்யும் முடிவுதான் தவறு. அறிவியல் பயில்வோர் கவனிக்க வேண்டிய இடம் இதுவே.

மன்னனும் சுல்தானும்

வால்டர் ஸ்காட் 1825-இல் வெளியிட்ட 'தி டாலிஸ்மன்' என்ற நாவலில் ஒரு காட்சி வருகிறது. இங்கிலாந்து மன்னன் ரிச்சர்டு தன் கனத்த வாளால் ஓர் இரும்புத் தண்டை இரண்டாக வெட்டிக் காட்டுகிறான். சுல்தான் சலாதீன் தன் மெல்லிய வளைவாளால் பட்டுத் திண்டையும், பிறகு காற்றில் மிதக்கும் மெல்லிய துணியையும் அறுத்துக் காட்டுகிறான். இது கற்பனை, வரலாற்றில் இவ்விருவரும் நேருக்கு நேர் சந்தித்ததே இல்லை. கதையில் வரும் அவ்வகை டமாஸ்கஸ் வாள்களுக்கு நம் தென்னிந்தியாவிலிருந்து சென்ற 'ஊட்ஸ்' உருக்குக் கட்டிகள் பயன்பட்டன என்பது மட்டும் வரலாறு.

ஆனால் ஸ்காட் ஒன்றைச் சரியாகக் கண்டிருந்தார். இரும்பை வெட்டுவது ஒரு சோதனை. பட்டை அறுப்பது வேறொரு சோதனை. ஒன்றில் வென்ற வாள் மற்றதில் வெல்லும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. இன்றைய விளம்பரக்காரரோ ரிச்சர்டின் வேலையைச் செய்து காட்டிவிட்டு, சலாதீனின் வாளை விற்பதாகச் சொல்கிறார்.

மூன்று குணங்கள், மூன்று அளவைகள்

"நல்ல உறுதியான கத்தி" என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உலோகவியலாருக்கு அது பல குணங்களின் கூட்டு. அவற்றுள் மூன்றை மட்டும் இங்கே பார்ப்போம்.

முதலாவது கடினத்தன்மை. கீறலுக்கும் பள்ளம் விழுவதற்கும் இடம் கொடாத குணம் இது. ராக்வெல் முறையில், வைரக் கூம்பு ஒன்றை 150 கிலோகிராம் சுமையால் எஃகில் அழுத்தி, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்த்து எண் தருகிறார்கள். ஜெர்மானியச் சமையற்கத்திகள் பெரும்பாலும் ராக்வெல் 'சி' அளவில் 56 முதல் 58 வரை இருக்கும். ஜப்பானியக் கத்திகள் பல 60-ஐத் தாண்டும்.

இரண்டாவது, முறிவு தாங்கும் திறன். திடீர் அடி விழும்போது உடையாமல், அந்த அடியின் ஆற்றலை உள்ளே ஏற்றுக்கொள்ளும் குணம் இது. சார்பி சோதனையில், வெட்டு விழுந்த சிறு எஃகுத் துண்டை ஊசல் சம்மட்டியால் அடித்து உடைக்கிறார்கள். உடைப்பதற்குச் செலவான ஆற்றலை ஜூல் கணக்கில் அளக்கிறார்கள்.

மூன்றாவது, கூர்மையும் அது நிலைத்திருக்கும் காலமும்.

இவற்றுள் முதல் இரண்டும் பெரும்பாலும் பகையாளிகள். ஒரே எஃகைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்தினால் மிகக் கடினமாகும். ஆனால் கண்ணாடிபோல் நொறுங்கும். மீண்டும் மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்தினால் நொறுங்கும் தன்மை குறையும். கடினமும் சற்றுக் குறையும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதே கத்தி செய்வோரின் கலை. மரம் பிளக்கும் கோடரிக்கு ஓரிடம், மீன் அரியும் கத்திக்கு வேறிடம். எல்லாவற்றிலும் உச்சத்தில் நிற்கும் எஃகு இல்லை.

போல்ட்டு ஏன் வெட்டுப்படுகிறது?

இப்போது நம் போல்ட்டிடம் வருவோம். சாதாரணக் கடைப் போல்ட்டு மென் எஃகால் ஆனது. விக்கர்ஸ் என்னும் வேறோர் அளவையில் அதன் கடினம் ஏறக்குறைய 120 முதல் 200 வரை இருக்கும். ராக்வெல் 58 உள்ள கத்தியை அதே அளவையில் சொன்னால் ஏறத்தாழ 650. அதாவது கத்தி போல்ட்டைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு கடினமானது.

இவ்வளவு கடினமான ஆப்பை மென்மையான இரும்பில் சுத்தியலால் இறக்கினால் இரும்பு வெட்டுப்படாமல் என்ன செய்யும்? நம் ஊர்க் கொல்லர் வெட்டிரும்பை வைத்து நாள்தோறும் செய்யும் வேலைதானே இது! வெட்டிரும்பின் வாய்க்கோணம் ஏறத்தாழ 60 பாகை. சமையற்கத்தியின் வாய் இரு பக்கமும் சேர்த்து 30 முதல் 40 பாகைதான் இருக்கும். ஆகவே போல்ட்டை வெட்டிய பின்னும் வாய் மடங்காமல் ஒரு கத்தி நிற்கிறதென்றால், அதன் எஃகு ஒழுங்காகக் கடினப்படுத்தப்பட்டிருக்கிறது என்பதும், வாய் போதிய தடிப்பாக வைக்கப்பட்டிருக்கிறது என்பதும் தெரியவரும். முதலாவது நல்ல செய்தி. ஆனால் சரியாகப் பதப்படுத்தப்பட்ட எந்தக் கத்திக்கும் அது பொருந்தும். இரண்டாவதோ வெங்காயம் நறுக்குபவருக்குக் கெட்ட செய்தி! தடித்த வாய் நறுக்காது, பிளக்கும்.

தகர டப்பாவும் தக்காளியும்

1978-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'கின்சு' கத்தி விளம்பரம் தொடங்கிற்று. பெயரும் தோரணையும் ஜப்பானியம். கராத்தே வீரர் போன்ற ஒருவரின் கை மரத்தைப் பிளக்கிறது; அதே கை தக்காளியில் இறங்கினால் தக்காளி சிதறுகிறது. பிறகு கத்தி வருகிறது. தகர டப்பாவை அறுக்கிறது. உடனே தக்காளியை மெல்லிய வில்லைகளாக்குகிறது. ஆனால் அந்தக் கத்தி செய்யப்பட்டது அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள ஃப்ரீமான்ட் என்னும் ஊரில்! விளம்பரக்காரர்களான எட் வாலென்டி, பாரி பெக்கர் இருவரின் விளம்பரத்துக்காக இடப்பட்ட பெயரே 'கின்சு'. கத்திகள் இலட்சக்கணக்கில் விற்றன.

இந்தக் காட்சியின் சூட்சுமம் எங்கே இருக்கிறது? கத்தியின் ரம்பப் பற்களில்தான். டப்பாவின் தகடு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தடிப்புள்ள மென் எஃகு. அதை அறுக்கும்போது தேய்வது பற்களின் நுனி மட்டுமே. பற்களுக்கு இடையிலுள்ள பள்ளங்கள் தகட்டை அவ்வளவாகத் தொடுவதில்லை. அவற்றின் கூர்மை காப்பாற்றப்படுகிறது. தக்காளியின் வழுக்கும் தோலையோ, நுனி சற்று மழுங்கிய பற்கள்கூடக் கொத்திக் கிழித்துவிடும். பல் இல்லாத கத்தி மழுங்கியிருந்தால் அந்தத் தோலின் மேல் வழுக்கும்.

ஆக, தக்காளி பற்களைச் சோதித்தது, எஃகைச் சோதிக்கவில்லை. எஃகு சாதாரணமானதாக இருந்தாலும் காட்சி வெற்றி பெற்றிருக்கும். டப்பாவுக்குப் பிறகு, முன்பிருந்த கூர்மையில் எவ்வளவு மிஞ்சியது என்று எவரும் அளக்கவில்லை. அளக்காமல் காட்டுவதற்குப் பெயர் சோதனையன்று.

தொங்கும் எடைகள்

1980-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய 'கோல்டு ஸ்டீல்' நிறுவனம் இக்கலையை உச்சிக்குக் கொண்டுசென்றது. கார்த் தகட்டைக் குத்துவது, தடித்த கயிறுகளையும் இறைச்சிப் பிண்டங்களையும் ஒரே வீச்சில் வெட்டுவது, மடக்குக் கத்தியின் பூட்டு தாங்குகிறதா என்று பிடியில் எடைகளை அடுக்குவது எனப் பல காட்சிகளைப் படம் பிடித்து, அவற்றுக்குச் 'சான்று' என்றே ஆங்கிலத்தில் தலைப்பிட்டு வெளியிட்டது.

இதில் பாராட்டத்தக்கது ஒன்று உண்டு. மடக்குக் கத்தியின் பூட்டு நழுவினால் கத்தி மூடிக்கொண்டு விரலை அறுக்கும். ஆகவே பூட்டைச் சோதிப்பது வெறும் வேடிக்கை அன்று. வாங்குபவரின் விரலைப் பற்றிய செய்தி. ஆனால் நீங்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்த நெம்புகோலை நினைவுகூருங்கள். பூட்டின் மேல் விழும் திருப்புவிசை, எடையை மட்டும் பொறுத்ததன்று; அச்சிலிருந்து எடை தொங்கும் தூரத்தையும் பொறுத்தது. 10 சென்டிமீட்டரில் தொங்கும் 100 கிலோகிராமும், 20 சென்டிமீட்டரில் தொங்கும் 50 கிலோகிராமும் சமம். தூரத்தைச் சொல்லாமல் எடையை மட்டும் முழங்கினால், அந்த எண்ணால் இரு கத்திகளை ஒப்பிட முடியாது. மேலும், மெல்ல ஏற்றப்படும் சுமை வேறு. திடீர் அடியும் முறுக்கும் வேறு. பூட்டினுள் அழுக்குச் சேர்ந்த நிலை மற்றும் வேறு.

கத்தியை வளைத்துக் காட்டும் காட்சிகளிலும் இப்படி ஒரு மறைபொருள் உண்டு. ஒரு பட்டையின் தடிப்பை இருமடங்காக்கினால் வளைவதை எதிர்க்கும் விறைப்பு எட்டு மடங்காகும். 4 மில்லிமீட்டர் தடிப்புள்ள மலிவான எஃகு, 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள உயர்ந்த எஃகை இந்தக் காட்சியில் எளிதாகத் தோற்கடிக்கும். நாம் எஃகைக் கண்டு வியக்கிறோம், வென்றதோ தடிப்பு.

எங்கே குறை?

இக்காட்சிகளில் இல்லாதவற்றைப் பட்டியலிட்டுப் பாருங்கள். எத்தனை கத்திகளைச் சோதித்தார்கள்? அவற்றுள் எத்தனை உடைந்தன? உடைந்தவற்றின் படம் எங்கே? அருகில் வேறொரு சாதாரணக் கத்தியை வைத்து அதே வேலையைச் செய்து பார்த்தார்களா? சோதனைக்கு முன்னும் பின்னும் கூர்மையை அளந்தார்களா? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை இல்லாத நிகழ்ச்சியை மாணவர் ஒருவர் தம் ஆய்வுக்கூட ஏட்டில் எழுதினால் ஆசிரியர் மதிப்பெண் தருவாரா?

இன்னொன்றும் உண்டு. கத்தியோடு வரும் உத்தரவாதச் சீட்டைப் படித்துப் பாருங்கள். முறைதவறிய பயன்பாட்டால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று பலவற்றில் அச்சிட்டிருக்கும். சுத்தியலால் அடிப்பதும் நெம்புவதும் அந்தக் கணக்கில்தான் சேரும். படத்தில் பெருமை, சீட்டில் குற்றம்!

இது வெறும் நியாய விவாதம் அன்று. படத்தைப் பார்த்துவிட்டு வீட்டில் ஓர் இளைஞர் கத்தி முதுகைச் சுத்தியலால் அடிக்கிறார் என்று வையுங்கள். கடினமான எஃகு கடினமான எஃகில் மோதும்போது தெறிக்கும் சிறு சில்லு கண்ணைக் கெடுக்கப் போதும். காட்சியில் உடையாத கத்தி அவர் கையில் உடையலாம். ஏனெனில் உடைந்தது காட்சியில் இடம்பெறாது.

சோதனை என்றால் இப்படி

நேர்மையான சோதனை எப்படி இருக்கும்? இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலுள்ள கத்தித் தொழில் ஆராய்ச்சிச் சங்கமான 'காட்ரா'வின் முறையைச் சொல்லலாம். அதையொட்டி ஐ.எஸ்.ஓ. 8442-5 என்னும் பன்னாட்டுத் தரம் வகுக்கப்பட்டது. 5 விழுக்காடு மணற்பொடி கலந்த தனி அட்டை அடுக்கை, 50 நியூட்டன் விசையில், 40 மில்லிமீட்டர் தூரம் முன்னும் பின்னுமாகக் கத்தி அறுக்கிறது. முதல் சில அறுப்புகளில் எவ்வளவு ஆழம் இறங்கியது என்பது கூர்மையைச் சொல்லும். 60 சுற்றுகளில் மொத்தம் எவ்வளவு அறுத்தது என்பது கூர்மை நிலைத்திருப்பதைச் சொல்லும். பார்க்க அலுப்பூட்டும் காட்சிதான். ஆனால் எந்த நாட்டில் எவர் செய்தாலும் ஒப்பிடத்தக்க எண் கிடைக்கும்.

பார்க்கவும் சுவையான, நேர்மையும் உள்ள ஒன்று வேண்டுமா? 1976-இல் தொடங்கிய அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கம் தன் உறுப்பினருக்குத் தேர்ச்சிப் பட்டம் தரும் முறையைப் பாருங்கள். கொல்லர் தாமே செய்த ஒரே கத்தியால், தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் வெட்ட வேண்டும். பிறகு மரச் சட்டத்தை இருமுறை வெட்ட வேண்டும். அதன்பின், மரம் வெட்டிய அதே வாயால் கை முடியை மழிக்க வேண்டும்! கடைசியில் கத்தியைப் பிடிப்பானில் மாட்டி 90 பாகை வளைக்கிறார்கள், முறியக்கூடாது. கூர்மை, அதன் நிலைப்பு, முறிவு தாங்கும் திறன் மூன்றும் ஒரே கத்தியில், வரிசையாக, நடுவர் முன்னிலையில் சோதிக்கப்படுகின்றன. தோற்றால் தோல்விதான், வேறு கத்தியை எடுத்து மறுபடி படம் பிடிக்க வழியில்லை. அங்கேயும் சோதிக்கப்படுவது கொல்லரின் திறமையே ஒழிய, நம் அடுக்களைக்கு ஏற்ற கத்தி எது என்பதன்று.

ஆகவே, அடுத்த முறை ஒரு கத்தி போல்ட்டை வெட்டுவதைப் பார்த்தால் தாராளமாகக் கைதட்டுங்கள். பிறகு உங்களையே கேளுங்கள்: "என் வீட்டில் வெட்ட வேண்டிய போல்ட்டு எத்தனை?" கடையில் அலகின் தடிப்பைப் பாருங்கள், வாய் எவ்வளவு மெல்லியது என்று பாருங்கள், பிடி கையில் வழுக்காமல் அமர்கிறதா என்று பாருங்கள், எளிதில் சாணை பிடிக்க முடியுமா என்று கேளுங்கள். ராக்வெல் எண் எழுதியிருந்தால் படியுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு தக்காளியை நறுக்குங்கள். ஒரு மாதம் கழித்து, தீட்டாமல், இன்னொரு தக்காளியை நறுக்குங்கள். அந்த இரண்டாவது தக்காளி சொல்வதை எந்த விளம்பரமும் உங்களுக்குச் சொல்லாது.