ஜெயித்தது நாமா, நாங்களா?

1

2025 நவம்பர் 1, சனிக்கிழமை இரவு. டொரொன்டோவில் நடந்த ஏழாவது ஆட்டம் பதினோராவது இன்னிங்ஸ் வரை இழுத்துக்கொண்டு போய் 5-4 என்று முடிந்தது. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் தொடர்ந்து இரண்டாவது வருஷமாக பேஸ்பால் உலகத் தொடரை வென்றுவிட்டது. எங்கள் தெருவில் வாணவேடிக்கை. மதுரையில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டேன். அங்கே ஞாயிறு காலை. "டேய், ஜெயிச்சிட்டோம்டா" என்றேன். தூக்கக் கலக்கத்தோடு கேட்டான்: "யாருண்ணே, நாமளா, நீங்களா?"

கேலிக்குத்தான் கேட்டான். ஆனால் அந்தக் கேள்வியை உதறிவிட முடியவில்லை. என்னோடு ஆட்டம் பார்க்கிற அமெரிக்க நண்பர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் மொழியில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல். கேட்பவன் உள்ளே இருக்கிறானா வெளியே நிற்கிறானா என்று அது சொல்லாது. தமிழிலும் 'ஜெயிச்சிட்டோம்' என்ற வினைமுற்றுக்குள் ஒளிந்துகொள்ளலாம். எழுவாயைக் கேட்டால்தான் மாட்டிக்கொள்வோம். 'நாம்' என்றால் எல்லோரையும் சேர்த்தாக வேண்டும். 'நாங்கள்' என்றால் யாரையோ வெளியே நிறுத்தியாக வேண்டும். ஒரு ரசிகனின் 'ஓம்' விகுதிக்குள் யார் யார் இருக்கிறார்கள்? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நடுநிலையான ஆய்வாளன் இல்லை. இந்த ஊர் டாட்ஜர்ஸுக்கும், இந்த ஊர்ப் பல்கலைக்கழகமான யு.சி.எல்.ஏ.வின் கூடைப்பந்து அணியான ப்ரூயின்ஸுக்கும் ரசிகன். 'விளையாட்டெல்லாம் மக்களை மழுங்கடிக்கிற சரக்கு' என்று முடித்துவிடும் தோழர்களை எனக்குத் தெரியும். மக்கள் எதை ரசித்தாலும் மழுங்கிப்போவார்கள் என்று நம்புவதில் ஒரு மேட்டிமைத்தனம் இருக்கிறது. மேல்தட்டு கேலரியில் உட்கார்ந்து, ஏழாவது இன்னிங்ஸில் பந்தெறிபவரை மாற்றியது மடத்தனம் என்று மேனேஜரைத் திட்டுகிறவன் விமர்சனம்தான் செய்கிறான். அதிகாரத்தில் இருப்பவனின் முடிவைக் காரண காரியத்தோடு கிழித்துத் தொங்கவிடும் பயிற்சி வேறெங்கே இவ்வளவு தாராளமாகக் கிடைக்கிறது? என் கவலையெல்லாம், அந்த விமர்சனம் ஏன் மேனேஜரோடு நின்றுவிடுகிறது, முதலாளி வரைக்கும் ஏன் போவதில்லை என்பதுதான்.

2

ஆறாவது ஆட்டத்தில் 96 பந்துகள் வீசிய யோஷினோபு யமமோட்டோ, மறுநாளே ஏழாவது ஆட்டத்தின் கடைசியில் வந்து 34 பந்துகள் வீசினார். ஒரு ஓட்டம்கூடக் கொடுக்கவில்லை. பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கும் பந்தெறிபவருக்கு வழக்கமாக நான்கைந்து நாள் ஓய்வு உண்டு. தோள்பட்டையின் ஆயுள் அவ்வளவுதான். நான் கண்ணீர் விடாத குறையாகக் கைதட்டினேன். கைதட்டியது ஓர் உடல் தன்னைச் செலவழித்துக்கொள்வதற்கு என்பது பிறகுதான் உறைத்தது. அதற்காக வெட்கப்படவில்லை. ஆனால் அது உழைப்பு என்று ஒப்புக்கொண்டால், கூலியைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

கூலி என்றதும் நம்மாட்களுக்கும் கோபம் வந்துவிடுகிறது. 2023 டிசம்பரில் ஷோஹெய் ஓட்டானி பத்து வருஷத்துக்கு 70 கோடி டாலர் என்று டாட்ஜர்ஸோடு ஒப்பந்தம் போட்டார். அதில் 68 கோடி, ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு வட்டியில்லாமல் வந்து சேரும். 'பந்து அடிக்கிறவனுக்கு எதுக்குய்யா இத்தனை கோடி' என்று இடதுசாரி நண்பர்களே கேட்கிறார்கள். கேட்க முற்போக்காகத்தான் இருக்கிறது. யோசித்தால் இது முதலாளி தரப்பு வாதம். ஆட்டக்காரனுக்குப் போகாத பணம் டிக்கெட் விலையைக் குறைக்காது. அது முதலாளி பெட்டியிலேயே கிடக்கும், அவ்வளவுதான். 2012ல் இந்த அணி சுமார் 200 கோடி டாலருக்குக் கைமாறியபோது, 'அணியை வாங்குகிறவனிடம் இத்தனை கோடியா' என்று யாரும் வாயைப் பிளந்து கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஆட்டக்காரன் தன் உழைப்பை விலைபேசும் உரிமை தானாக வரவில்லை. பல பத்தாண்டுகளாக 'ரிசர்வ் ஷரத்து' என்று ஒன்று இருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரன் அந்தக் கிளப்புக்கே சொந்தம். விற்றால் போகணும், வைத்துக்கொண்டால் இருக்கணும். 1969ல் செயின்ட் லூயிஸ் அணி கர்ட் ஃப்ளட் என்ற கறுப்பின ஆட்டக்காரரை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கைமாற்றியது. நான் வாங்கி விற்கிற சரக்கு இல்லை என்று அவர் வழக்குப் போட்டார். 1972ல் உச்சநீதிமன்றத்தில் 5-3 என்று தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கை அதோடு போயிற்று. அந்தப் பூட்டை உடைத்ததில் ஒருவர் எங்கள் டாட்ஜர்ஸ் பந்தெறிபவர் ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித். 1975 முழுக்கக் கையெழுத்துப் போடாமலே ஆடினார். டிசம்பர் 23 அன்று நடுவர் பீட்டர் ஸைட்ஸ், இனி அவர் யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை என்று தீர்ப்பளித்தார். முதலாளிகள் உடனே நடுவரை வேலையிலிருந்து தூக்கினார்கள். மெஸ்ஸர்ஸ்மித் எதிர்த்தது என் அணியை. அந்த வருஷத்துக்குப் போய் எந்தப் பக்கம் நிற்பேன் என்று என்னைக் கேட்டால், 'எங்க டீம்' என்று நான் சொல்லும்போது 'எங்க' என்பது கிளப்பா, அதில் ஆடியவனா என்பதும் கேள்வியாகிவிடுகிறது.

3

கல்லூரிக் கூடைப்பந்து பக்கம் போனால் இந்தக் குழப்பம் புனிதப் பூச்சோடு வரும். யு.சி.எல்.ஏ. ரசிகனுக்கு ஒரு பொற்காலக் கதையாடல் உண்டு. கோச் ஜான் வுடன். 1964லிருந்து 1975க்குள் பத்து தேசியப் பட்டங்கள். தொடர்ந்து 88 ஆட்டங்கள் வெற்றி. 'அந்தக் காலத்துப் பையன்கள் காசுக்காக ஆடல, ஸ்கூலுக்காக ஆடுனாங்க' என்பார்கள். அந்தக் காலத்துப் பையன்களைக் கொஞ்சம் பார்ப்போம். லூ ஆல்சிண்டர், பின்னாளில் கரீம் அப்துல்-ஜப்பார், ஒரு சீசன் ஆடி முடித்த கையோடு, 1967ல், கூடைக்கு மேலிருந்து பந்தை அறைந்து போடுவதையே கல்லூரி ஆட்டத்தில் தடை செய்தார்கள். தடை 1976 வரை நீடித்தது. கறுப்பின மக்கள் நடத்தப்படும் விதத்தைச் சொல்லி 1968 ஒலிம்பிக்குக்குப் போக மறுத்தவர் அவர். 1972ல் பில் வால்டன் வியட்நாம் போரை எதிர்த்துக் கைதானார். பொற்காலக் கதையில் கோப்பைகள் வரும், இவர்கள் கேட்ட கேள்விகள் வராது.

காசு விஷயத்துக்கு வருவோம். 'மாணவ விளையாட்டாளர்' என்ற சொல்லை 1950களில் கல்லூரி விளையாட்டு நிர்வாகம் பரப்பியதற்கு ஒரு காரணம், காயம்பட்ட ஆட்டக்காரர்கள் தொழிலாளர் இழப்பீடு கேட்டுவிடக் கூடாது என்ற பயம். ஒரு சொல் எப்படி உழைப்பை மறைக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. அந்தச் சொல்லைக் கட்டுடைத்தவரும் எங்கள் ஊர் ஆள்தான். 1995ல் அர்கன்சாஸை 89-78 என்று ஜெயித்து யு.சி.எல்.ஏ. பட்டம் வென்றபோது எட் ஓ'பானன் 30 புள்ளி எடுத்தார். பல வருஷம் கழித்து, நண்பர் வீட்டுப் பிள்ளை விளையாடிய வீடியோ கேமில் தன்னையே பார்த்தார். அதே மொட்டைத் தலை, அதே இடது கை, அதே 31ஆம் எண். பெயர் மட்டும் இல்லை. காசும் இல்லை. 2009ல் வழக்குத் தொடுத்தார். 2014ல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. 2021ல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, ஒரு கல்லூரி 2025-26ல் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை தன் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பங்கு கொடுக்கலாம் என்றானது. அப்போதும் 'தொழிலாளி' என்ற சொல்லை மட்டும் யாரும் தொடவில்லை.

இப்போது ரசிகர்களின் பெரிய புலம்பல்: 'பசங்களுக்கு விசுவாசமே இல்ல, வருஷத்துக்கு ஒரு காலேஜ் தாவுறாங்க.' இதில் எனக்கும் வருத்தம் உண்டு. 2021ல் பதினோராம் தரவரிசையில் நுழைந்து, அரையிறுதியில் கூடுதல் நேரம் வரை போய், கொன்சாகாவின் கடைசி நொடிப் பந்தில் 93-90 என்று தோற்ற அணியை நான் மறக்க மாட்டேன். அந்தப் பையன்கள் சேர்ந்தே வளர்ந்து மறுபடி வருவார்கள் என்று காத்திருப்பதில் ஒரு சுகம் இருந்தது. அது குறைந்துபோய்விட்டது, உண்மைதான். ஆனால் விசுவாசம் பற்றிப் பேசுவதென்றால் எல்லோரையும் பேசுவோம். 1928லிருந்து மேற்குக் கடற்கரைக் கல்லூரிகளோடு ஆடிவந்த பல்கலைக்கழகம், 2024ல் தொலைக்காட்சிப் பணத்துக்காக நாட்டின் மறுபாதியிலுள்ள கூட்டமைப்புக்குத் தாவியது. இருபது வயதுப் பையனும் பெண்ணும் செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்காக நியூ ஜெர்சி வரை பறந்துவிட்டு வந்து வகுப்பில் உட்கார வேண்டும். நிர்வாகம் தாவினால் அதற்குப் பெயர் தொலைநோக்கு. பையன் தாவினால் துரோகம். என்னங்கடா நியாயம் இது?

4

மறுபடி டாட்ஜர்ஸ். உழைப்பைப் பேசினோம், நிலத்தையும் பேசியாக வேண்டும். அரங்கம் இருக்கும் குன்றுப் பகுதிக்குச் சாவேஸ் ரவீன் என்று பெயர். அங்கே பாலோ வெர்டே, லா லோமா, பிஷப் என்று மூன்று குடியிருப்புகள் இருந்தன. பெரும்பாலும் மெக்சிகோ வழிவந்த ஏழைக் குடும்பங்கள். 1950ல், பொதுக் குடியிருப்பு கட்டப்போகிறோம், உங்களுக்குத்தான் முன்னுரிமை என்று சொல்லி நகர நிர்வாகம் காலி செய்யச் சொன்னது. பிறகு பொதுக் குடியிருப்பு என்பதே கம்யூனிசம் என்ற கூச்சல் கிளம்பியது. திட்டத்துக்காக நின்ற அதிகாரி வேலையிழந்தார். வீடுகள் கட்டப்படவேயில்லை. 1958 ஜூனில் ஒரு வாக்கெடுப்பு சிறிய வித்தியாசத்தில் தேறி, நிலம் அணி முதலாளி வால்டர் ஓ'மாலியின் கைக்குப் போனது. 1959 மே மாதம், போக மறுத்த கடைசிக் குடும்பங்களில் ஒன்றின் பெண்ணைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி வெளியேற்றினார்கள். 1962 ஏப்ரல் 10 அன்று அரங்கம் திறந்தது.

'ஓ'மாலியா காலி பண்ணாரு? அதுக்கு முன்னாடியே கவர்ன்மென்ட் காலி பண்ணிருச்சே' என்பது ரசிகர்களிடம் தயாராக இருக்கும் பதில். தேதிப்படி பெருமளவு சரி. ஒருத்தன் வெறுமையாக்குவான், இன்னொருத்தன் வெறும் நிலம்தானே என்று வாங்குவான். கைகள் சுத்தமாகவே இருக்கும். எந்த ஊரிலும் நிலம் பறிபோகும் இலக்கணம் இதுதான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை என்பதால்தான் நான் இன்னும் ரசிகன். 1981ல் சொனோராவின் ஒரு சிறு கிராமத்திலிருந்து ஃபெர்னாண்டோ வலென்ஸுவேலா என்ற இருபது வயதுக்காரர் வந்தார். தொப்பை, வானத்தைப் பார்க்கும் கண், யாராலும் அடிக்க முடியாத ஸ்க்ரூபால். முதல் எட்டு ஆட்டமும் வெற்றி. அரங்கத்தின் மேல் தீராக் கோபம் கொண்டிருந்த சமூகத்திலிருந்து பலர், முதல் தடவையாக அதன் வாசற்படி ஏறினார்கள். மன்னித்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தங்கள் ஆள் நடுவில் நின்று பந்தெறிகிறான் என்பதால் இடத்தை மறுபடி கைப்பற்றினார்கள் என்று வாசிக்கவே விரும்புகிறேன். வலென்ஸுவேலா 2024 அக்டோபரில், உலகத் தொடர் தொடங்க மூன்று நாள் இருக்கும்போது இறந்தார்.

2025 ஜூனில் குடியேற்ற அதிகாரிகள் நகரமெங்கும் ஆள்பிடிக்கக் கிளம்பியபோது, கிளப் இரண்டு வாரம் வாய் திறக்கவில்லை. தேசிய கீதத்தை ஸ்பானிய மொழியில் பாட வேண்டாம் என்று சொல்லியும் ஒரு பாடகி ஜூன் 14 அன்று பாடிவிட்டார். 1945ல் அமெரிக்க அரசே எழுதச் சொல்லிய வடிவம் அது. ரசிகர்கள் அரங்கின் வாசலில் நின்று கேட்டார்கள்: எங்கள் காசு இனிக்கிறது, நாங்கள் கசக்கிறோமா? ஜூன் 20 அன்று, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 10 லட்சம் டாலர் என்று கிளப் அறிவித்தது. ஓட்டானியின் ஒப்பந்தத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அது சில்லறை. ஆனாலும் அந்தச் சில்லறையைக் கறந்தது ரசிகர்கள். கேலரியின் விமர்சனம் மேனேஜரைத் தாண்டி முதலாளி வரைக்கும் போன இடம் அது.

5

இரண்டு அணிகளையும் கோர்க்கிற ஒரு பெயர் இருக்கிறது. ஜாக்கி ராபின்சன். பேஸ்பாலின் நிறச்சுவரை 1947ல் உடைத்தவர் என்று உலகம் அறியும். அதற்கு முன்னால் யு.சி.எல்.ஏ.வில் கூடைப்பந்து உட்பட நான்கு விளையாட்டுகளில் ஆடியவர். பட்டம் முடிக்காமல் 1941ல் வெளியேறினார். டாட்ஜர்ஸ் புரூக்ளினில் இருந்தபோது ஆடினார், லாஸ் ஏஞ்சலஸுக்கு அணி வந்த 1958க்கு முன்பே ஓய்வுபெற்றுவிட்டார். ஆனாலும் ஒவ்வொரு ஏப்ரல் 15 அன்றும் எல்லா அணி ஆட்டக்காரர்களும் அவருடைய 42ஆம் எண்ணை அணிகிறார்கள். நல்லது. ஆனால் 1970ல் கர்ட் ஃப்ளட் வழக்கில் நீதிமன்றத்துக்குப் போய் முதலாளிகளுக்கு எதிராகச் சாட்சி சொன்ன ராபின்சனை அந்த நாளில் அதிகம் பேர் நினைவுகூர்வதில்லை. அப்போது ஆடிக்கொண்டிருந்த ஒரு ஆட்டக்காரரும் ஃப்ளட்டுக்காக அந்த நீதிமன்றத்துக்கு வரவில்லை. எண்ணை எடுத்துக்கொண்டு சாட்சியத்தை விட்டுவிட்டார்கள்.

தம்பிக்கு அன்றிரவு பதில் சொல்லவில்லை, சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது சொல்கிறேன். டேய், கோப்பை முதலாளியோடது. அதில் என் பங்கு டிக்கெட் காசு மட்டும்தான். மெஸ்ஸர்ஸ்மித்தும் ஓ'பானனும் ஜெயித்ததிலும், ஜூன் மாதம் வாசலில் நின்றவர்கள் கேட்டு வாங்கியதிலும் 'நாம' என்று சொல்லிக்கொள்ளலாம், உன்னையும் சேர்த்து. சாவேஸ் ரவீனில் தோற்றதும் நாமதான். அடுத்த சீசன் ஆட்டத்துக்குப் போவேன், தொண்டை கிழியக் கத்துவேன். கத்தும்போது அந்த எழுவாயை விழுங்காமல் சொல்லிப் பழக வேண்டும்.