நிழல் மனிதர்களும் நிலாவும்

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ நாவலின் தொடக்கத்தில், பிள்ளை பெற்றுக்கொள்ள நிலாவுக்கு அரசு அனுமதி கிடைக்கிறது. அவள் மகிழ்ந்துபோகிறாள். யார் பிறக்கலாம், எத்தனை வயதுவரை வாழலாம் என்பதெல்லாம் ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆணைப்படி நடக்கும் நாடு அது. அந்த ஜீவாவே வெறும் ஹோலோகிராம் என்று பிறகு தெரியவருகிறது. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த இதை எழுதியவர், ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, மனைவியின் பெயரையே புனைபெயராகக் கொண்ட ஒரு பொறியாளர்.

தத்துவவாதி நிக் பாஸ்ட்ரம் 2003இல் முன்வைத்த வாதத்தை இந்நாவலோடு சேர்த்து வாசிக்கலாம். பேரளவு கணினி ஆற்றலை எட்டுமுன்பே மனிதகுலம் அழிந்துவிடும். அல்லது, எட்டியவர்கள் தம் முன்னோர் வாழ்க்கையைக் கணினியில் நிகழ்த்திப் பார்க்க விரும்பமாட்டார்கள். அல்லது, நாமே அப்படியொரு சிமுலேஷனுக்குள்தான் இருக்கிறோம். மூன்றில் ஒன்றாவது உண்மை என்பது அவர் வாதம். இந்த சிமுலேஷன் நிறுத்தப்படுவதையும் மனிதகுல அழிவின் வழிகளில் ஒன்றாக 2002இலேயே அவர் பட்டியலிட்டிருந்தார்.

“அப்ப நாம பொய்யா மேம்?” என்பதுதான் வகுப்பில் மாணவிகள் கேட்கும் முதல் கேள்வி. எனக்கு உறுத்துவது வேறொன்று. சிலரை மட்டும் முழு உணர்வோடு உருவாக்கி, மற்றவர்களை உணர்வற்ற ‘நிழல் மனிதர்க’ளாக வைக்கும் சாத்தியத்தையும் பாஸ்ட்ரம் குறிப்பிடுகிறார், பெரிதுபடுத்தாமல் கடந்துபோகிறார். பெண்கள் அப்படிக் கடக்க முடியாது. ஒருவரின் வாழ்க்கை முழுதாக நடக்க, சுற்றியிருப்பவர்கள் சமைத்தும் துவைத்தும் பின்னணியாக நிற்கும் ஏற்பாடு நம் வீடுகளில் கணினிக்கு முன்பே உண்டு.

சரி, உலகம் மெய் என்று நிறுவிவிட்டால் போதுமா? ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த ராமானுஜர், உலகம் மாயை என்பதை மறுத்தார். கனவில் காண்பவைகூட இறைவன் படைத்த மெய்ப்பொருள்களே என்றார். உலகம் இறைவனின் உடல் என்பது அவர் தரிசனம். ஆனால் உடல் என்பதற்கு அவர் தரும் இலக்கணம், ஓர் ஆன்மாவால் முற்றிலும் ஆளப்பட்டு அதற்காகவே இருப்பது என்பது. அவர் பேசியது இறைவனைப் பற்றி. அந்த இலக்கணத்தைப் பெண்ணுடல்மேல் மனிதர்கள் பொருத்திப் பார்க்கும்போதுதான் சிக்கல். மெய்யாக இருந்தும் பிறர் ஆளுகைக்குள் இருக்க முடியும். நிலா அப்படித்தான் இருக்கிறாள். ஆள்பவன் பொய், அவள் கருப்பை மெய், அனுமதி பொய்யிடமிருந்து மெய்க்கு வருகிறது.

அழிவு பற்றிய அச்சமும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. மக்கள்தொகை பெருகினால் அழிவு என்று ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்றார்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் கருவள விகிதம் 1.8. இப்போது திருமண மேடைகளில் சீக்கிரம் பிள்ளை பெறச் சொல்கிறார்கள். எண்ணிக்கை மாறுகிறது, ஆணை போய்ச் சேரும் உடல் மாறவில்லை.

இதை முன்கூட்டியே கண்ட சுஜாதா, நிலாவைப் பாதி வழியில் விட்டுவிட்டார். ‘மீண்டும் ஜீனோ’வில் அவள் ராணி, ஆனால் ரவியும் மனோவும் ஆட்டுவிக்கும் பொம்மை ராணி. படிப்பது, சந்தேகப்படுவது, வாதாடுவது எல்லாம் ஜீனோ என்ற இயந்திர நாயின் வேலை. இயந்திரத்துக்கு மனம் வாய்க்கலாம் என்று நம்பிய கற்பனை, அந்த மனத்தை நிலாவுக்குத் தரத் தயங்கியது.

ஆகவே மாணவிகளிடம் நான் சொல்வது: உலகம் சிமுலேஷனா என்று கேளுங்கள். கூடவே, அதில் யாரை நிழலாக்கினார்கள், யார் கேட்டு யார் அனுமதி தருகிறார்கள் என்றும் கேளுங்கள். முதல் கேள்விக்கு விடை கிடைக்காமலே போகலாம். அடுத்த இரண்டுக்கும் இன்றே விடை தேட முடியும்.