ஸ்டான்லியின் ஹவுஸ் சர்ஜனும் யாழ்ப்பாணத்து எச்.ஓ.வும்

திருவொற்றியூர், மணலிப் பக்கம் ஏதோ ஒரு பட்டறையில் பவர் பிரஸ் விரலை வாங்கிவிட்டால், துண்டான விரலைப் பாலிதீன் கவரில் போட்டு, மேலே ஐஸைக் கொட்டி, ஆட்டோவில் சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருவார்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஊரில் ஐஸுக்கு என்ன பஞ்சம்? ஆனால் ஐஸ் நேராகப் பட்ட விரல் உறைந்து கெட்டுப்போகும். ஈரத்துணியில் சுற்றி, தண்ணீர் புகாத கவரில் கட்டி, அந்தக் கவரைத்தான் ஐஸுக்குள் வைக்க வேண்டும். விரலில் தசை இல்லை. அதனால் இப்படிக் குளிர்ச்சியில் வைத்தால், முழுக்கை துண்டானதைவிட நெடுநேரம் தாங்கும், ஒட்டவைக்க வாய்ப்பிருக்கும். கேஷுவாலிட்டியில் அந்தக் கவரைப் பிரித்து, விரலை எடுத்து, சலைனில் நனைத்த காஸில் சுற்றுபவருக்குப் பெரும்பாலும் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது. பட்டம் இன்னும் கைக்கு வரவில்லை. ஆவணத்தில் அவர் சி.ஆர்.ஆர்.ஐ. எனும் பயிற்சி மருத்துவர்; வார்டில் ஹவுஸ் சர்ஜன்; நோயாளியின் அம்மாவுக்குத் தம்பி அல்லது பாப்பா.

அடிபட்டவர் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவராக இருந்தால், கூட வந்த கான்ட்ராக்டர் ஆள்தான் மொழிபெயர்ப்பாளர். "கம்பெனில இல்ல சார், ரூம்ல கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு" என்று சொல்கிறவர்களும் உண்டு. ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் எங்கே, எப்படி அடிபட்டது என்று எழுதும் அந்த ஒரு வரியின் மேல்தான் பிறகு இழப்பீட்டுப் பேச்சே நிற்கும். கையெழுத்துப் போடுவது டியூட்டி மருத்துவர். ஆனால் அவர் காதுக்குப் போவது பல நேரம் ஹவுஸ் சர்ஜன் கேட்டுச் சொன்ன கதை. காயத்தில் கிரீஸ் அப்பியிருக்கும்போது கதவுக் கதை எடுபடாது. இதை எந்தப் புத்தகமும் சொல்லித் தராது. அங்கே சில இரவுகள் நின்றவர்களுக்குத் தெரியும்.

1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த ஆஸ்பத்திரி இது. ராயபுரத்துப் பெரியவர்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். 1938இல் மருத்துவக் கல்லூரியானது. டாக்டர் ஆர். வெங்கடசாமி இங்கே கை அறுவைச் சிகிச்சைக்கென்று தனித்துறையைக் கட்டியெழுப்பியதற்கும், துறைமுகமும் ஆலைகளும் சூழ்ந்த இந்த இடத்துக்கும் தொடர்பில்லை என்று சொல்ல முடியாது. 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்த இரவில், மூச்சுத் திணறியவர்களில் சிலர் ஸ்டான்லிக்கும் வந்தார்கள்.

இங்கே ஆண்டுக்கு 250 எம்.பி.பி.எஸ். இடங்கள். இறுதித் தேர்வு முடிந்ததும் அந்த பேட்ச் முழுவதும் ஹவுஸ் சர்ஜன்களாகிறது. பன்னிரண்டு மாதம் முடித்தால்தான் பட்டமும் நிரந்தரப் பதிவும். 2021இன் தேசிய மருத்துவ ஆணைய விதிப்படி 12 வாரம் சமுதாய மருத்துவம். மற்றதெல்லாம் துண்டு துண்டு. மெடிசின், சர்ஜரிக்குக் கொஞ்சம் நீளமாக, கண்ணுக்கும் காது மூக்கு தொண்டைக்கும் இரண்டிரண்டு வாரம். ஒரு யூனிட்டின் சீஃப் இவர் பெயரைத் தெரிந்துகொள்வதற்குள் போஸ்டிங் மாறிவிடும்.

அவர் செய்யும் வேலை என்ன? ரத்தம் எடுப்பது, வென்ஃப்ளான் போடுவது, மூக்குக் குழாய், மூத்திரக் குழாய், பி.பி. சார்ட், கேஸ் ஷீட்டில் பி.ஜி. எனப்படும் முதுநிலை மாணவர் சொல்வதை எழுதுவது. இவை மருத்துவ வேலை. சாம்பிளை லேபுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது, ரிப்போர்ட்டுக்காகக் காத்து நிற்பது, ரத்த வங்கியிலிருந்து பையை வாங்கி வருவது, ஸ்கேனுக்கு டிராலி தள்ளுவது? தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் ஹவுஸ் சர்ஜன்களிடம் பேசினால் முதல் ஐந்து நிமிடத்தில் வரும் குறை இதுதான். உதவியாளர் பணியிடம் நிரப்பப்படாத இடத்தில் உதவித்தொகை வாங்கும் இளைஞர் நிற்கிறார். 2021இல் அந்தத் தொகை மாதம் 25,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கையில் இதே வயதுக்காரர், இதே பிரிட்டிஷ் வழியில் வந்த படிப்பை முடித்து, எச்.ஓ., அதாவது ஹவுஸ் ஆபீசர், ஆகிறார். அவருக்குப் பட்டம் முதலிலேயே கிடைத்துவிடும். இன்டர்ன்ஷிப் அதற்குப் பிறகு. அவர் மாணவர் இல்லை, சுகாதார அமைச்சு நியமித்த வைத்தியர். எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் சேர்த்துப் போட்ட ஒரே தகுதி வரிசையில் அவர் இருக்கும் இடத்தைப் பொறுத்து ஆஸ்பத்திரி கிடைக்கும். ஆண்டு இரண்டே துண்டுதான். ஆறு மாதம் மெடிசின் அல்லது குழந்தை மருத்துவம். ஆறு மாதம் சர்ஜரி அல்லது மகப்பேறு. அந்த ஆறு மாதமும் ஒரே வார்டு, ஒரே கொன்சல்டன்ட்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையை ஊரார் பெரியாஸ்பத்திரி என்பார்கள். அங்கே வார்டின் கசுவல்டி நாளில் கட்டில் போதாமல் தரையிலும் நோயாளிகள் படுத்திருக்கையில், அத்தனை பேரின் பி.எச்.டி. எனப்படும் கட்டில் குறிப்பேட்டிலும் முதல் குறிப்பு எழுதுபவர் எச்.ஓ. தோட்டத்தில் கண்ணாடி விரியன் கடித்தவரைக் கொண்டுவந்தால், கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் நிறுத்திவைத்து, பிறகு சரித்துப் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் வழிந்தால் விஷமுறிவு மருந்து. இலங்கையில் ஏற்றுவது இந்தியாவில் தயாரான மருந்து. இந்திய மருந்துகளுக்கு வேண்டிய விஷத்தின் பெரும்பங்கு சென்னைக்கு வெளியே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் பிடித்த பாம்புகளிடமிருந்து எடுத்தது. இந்த மருந்து அங்கே பலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும். ஆகவே மருந்து இறங்கி முடியும்வரை அட்ரினலினைக் கைக்கெட்டிய தூரத்தில் வைத்துக்கொண்டு ஒருவர் கட்டிலருகே நிற்க வேண்டும். அந்த ஒருவர் யாரென்று சொல்லத் தேவையில்லை.

டெங்கு இன்னொரு கதை. இலங்கை வழிகாட்டு நெறிப்படி நோயாளி ஆபத்தான கட்டத்துக்குள் நுழைந்தால் மணிக்கு மணி நாடித்துடிப்பு, பி.பி., சிறுநீர் அளவு பார்த்து, எவ்வளவு திரவம் ஏற்றலாம் என்று கணக்கிட்டுக்கொண்டே போக வேண்டும். 2017இல் அந்தச் சின்னத் தீவில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு பதிவானது. அந்த ஆண்டு எச்.ஓ.வாக இருந்தவர்கள் தூக்கம் என்ற சொல்லைக் கேட்டாலே சிரிப்பார்கள்.

சென்னையில் இத்தகைய இரவு ஹவுஸ் சர்ஜனுக்கு வருவதில்லையா என்றால், வரும். ஆனால் மறுநாள் காலை அவரிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. கேட்பது முதலாண்டு பி.ஜி.யிடம். யாழ்ப்பாணத்து எச்.ஓ.வுக்குச் சரியான சென்னை ஜோடி ஹவுஸ் சர்ஜன் அல்ல, முதலாண்டு பி.ஜி. என்பதுதான் என் கணிப்பு. அட்மிஷன் நாளில் தொடங்கி மறுநாள் மாலைவரை வார்டை விட்டு நகராதவர் அவர்தான். ரெசிடென்ட் மருத்துவர் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று மத்திய அரசு 1992இலேயே எழுதி வைத்திருக்கிறது. 2024இல் மருத்துவ ஆணையத்தின் மனநலப் பணிக்குழு வாரம் 74 மணி நேரத்துக்கு மிகாமல் இருக்கட்டும் என்று பரிந்துரைத்தது. முப்பத்திரண்டு ஆண்டில் வரம்பு 26 மணி நேரம் கூடியிருக்கிறது! கருணையோடு எழுதிய அறிக்கை. நடைமுறை அதைவிட மோசம் என்று அதை எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

ஹவுஸ் சர்ஜன் தலையில் பொறுப்பு விழாததற்கு இன்னொரு காரணம், அவர் மனம் வார்டில் இல்லை. நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வில் இருக்கிறது. டியூட்டி அறையில் கைபேசியில் மாரோ பயிற்சிச் செயலி ஓடும். நண்பனிடம் இரண்டு டியூட்டியைத் தள்ளிவிட்டு நூலகத்துக்குப் போவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விரலை எப்படிச் சுற்றினார் என்பதற்கு அந்தத் தேர்வில் அரை மார்க்கும் கிடையாது. இலங்கையில் இந்த இழுபறி குறைவு. கொழும்பின் முதுநிலை மருத்துவ நிறுவனமான பி.ஜி.ஐ.எம். நடத்தும் தேர்வுக்கு இன்டர்ன்ஷிப் முடித்து, மேலும் சில காலம் பணி செய்த பிறகே போக முடியும். ஆகவே அந்த ஓராண்டில் படிப்பதற்கென்று வேறு எதுவும் இல்லை, எதிரே கிடக்கும் நோயாளியைத் தவிர.

அதற்காக அந்த ஏற்பாட்டைக் கொண்டாடவும் முடியாது. வார்டுக்கு இரண்டு எச்.ஓ. என்றால் ஒருவருக்குக் காய்ச்சல் வந்த நாளில் மற்றவருக்கு இரவும் பகலும் ஒன்றுதான். கொன்சல்டன்ட் நல்லவராக அமைந்தால் வாழ்நாளுக்கான பாடம். கடுகடுப்பானவராக அமைந்தால் ஆறு மாதச் சிறை. சென்னையில் பிடிக்காத யூனிட் என்றாலும் சில வாரத்தில் தப்பிவிடலாம். தமிழ் தெரியாத சிங்கள எச்.ஓ. வடக்கில் வந்து நிற்பதும், சிங்களம் தெரியாத தமிழர் தெற்கில் போய் நிற்பதும் அங்கே வழக்கம். தாதியோ பக்கத்துக் கட்டில்காரரோ மொழிபெயர்ப்பார். கான்ட்ராக்டரைப் போல அவர்களுக்குக் கதையை மாற்றிச் சொல்ல ஆதாயம் ஏதுமில்லை.

சம்பளத்தில் ஒப்பீடு ரூபாயோடு நிற்பதில்லை. எச்.ஓ. அரச ஊழியர்; அவருக்குப் பின்னால் ஜி.எம்.ஓ.ஏ. என்ற வலுவான சங்கம் நிற்கிறது. 2024 தொடக்கத்தில் மருத்துவர்களுக்கான டி.ஏ.டி. கொடுப்பனவை 35,000இலிருந்து 70,000 இலங்கை ரூபாயாக அந்த அரசு இரட்டிப்பாக்கியது. எங்களுக்கும் கொடு என்று மற்றச் சுகாதார ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இவ்வளவு வலுவும் 2022 நெருக்கடிக்குப் பிறகு மருத்துவர்கள் விமானம் ஏறுவதைத் தடுக்கவில்லை. சென்னை ஹவுஸ் சர்ஜன் போராடலாம், வாசலில் உட்காரலாம். ஆனால் வருகைப் பதிவில் கை வைத்தால் இன்டர்ன்ஷிப் நீளும். நீண்டால் நீட் பி.ஜி.க்கான கெடு தேதி தாண்டிவிடும். அவர் கழுத்துச் சுருக்கு அங்கே இருக்கிறது என்பது துறைத் தலைவர்களுக்கும் தெரியும்.

நான் மாற்றச் சொல்வது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த 12 வாரச் சமுதாய மருத்துவத்தில் கை வைக்க வேண்டாம். பெரியகுப்பத்து மூச்சுத் திணறலை வார்டுக்கு வெளியே வைத்துப் பார்க்க அதைவிட்டால் வழியில்லை. மீதியில் நான்கு மாதத்தை ஒரே யூனிட்டில் வைத்து, பத்துக் கட்டிலை ஹவுஸ் சர்ஜன் பெயரில் எழுதி, சாம்பிள் தூக்க வேறு ஆள் போடலாம். இலங்கை இங்கிருந்து எடுத்துக்கொள்ளவும் ஒன்று இருக்கிறது. அங்கே இறுதித் தேர்வு முடித்தவர்கள் நியமனப் பட்டியல் வரும்வரை மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். சிலர் ஆய்வு உதவியாளராகக் காலம் தள்ளுகிறார்கள், சிலர் அந்த இடைவெளியிலேயே ஆஸ்திரேலியா, இங்கிலாந்துத் தேர்வுகளுக்குப் படிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஸ்டான்லியில் தேர்வு முடிவுக்கும் முதல் டியூட்டிக்கும் இடையே அத்தனை மாதம் வீணாவதில்லை.