கூலிக்கு மாரடிக்கும் இணைப்புகள்

பிற தளங்களிலிருந்து இணைப்புச் சேர்த்துத் தரும் லிங்க் பில்டிங் தொழிலுக்கு மறுபடியும் நல்ல பெயர் வாங்கித் தரும் முயற்சி நடக்கிறது. ஆயிரம் பேக்லிங்க்கை அடிமாட்டு விலைக்கு விற்ற காலம் மலையேறிவிட்டதாம். இப்போது அவுட்ரீச், பிறர் தளத்துக்குக் கட்டுரை எழுதித் தரும் கெஸ்ட் போஸ்ட், டிஜிட்டல் பிஆர் என்று எல்லாமே கண்ணியமாக நடக்கிறதாம். தளத்தைத் தேடலில் மேலே கொண்டுவரக் கற்றுத்தரும் எஸ்இஓ வகுப்புகளில் முதல் வாரமே இரண்டு தொப்பிகளை வரைந்து காட்டிவிடுகிறார்கள். காசு கொடுத்து வாங்கினால் கறுப்புத் தொப்பி, கேட்டு வாங்கினால் வெள்ளைத் தொப்பி. தளம் வைத்திருப்பவர் வெள்ளைத் தொப்பிக்காரராகப் பார்த்துப் பிடித்து மாதக் கட்டணம் கட்டிவிட்டால் பாவம் ஒட்டாது. இந்த வாதத்தில் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. கேட்டு வாங்கிய இணைப்பும் கெட்டுப்போன இணைப்புதான் என்பது என் பழைய கட்சி. அதை மாற்றிக்கொள்ளும்படி இதுவரை எவரும் எதையும் காட்டவில்லை.

எஸ்இஓ என்றாலே பித்தலாட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. பக்கத்துக்குப் பொருத்தமான தலைப்பு வைப்பது, கைப்பேசியில் சட்டென்று திறக்கச் செய்வது, ஒரே தளத்தின் பக்கங்களை ஒன்றோடொன்று கோப்பது, முகவரி மாறினால் பழையதிலிருந்து புதியதற்கு வழி காட்டிவைப்பது, சைட்மேப் கொடுப்பது, சர்ச் கன்சோலை அவ்வப்போது பார்ப்பது எல்லாம் படிக்க வருபவருக்கும் நல்லது, தேடுபொறிக்கும் நல்லது. வெளியிலிருந்து ஓர் இணைப்புகூட இல்லாத புதுத் தளத்தைத் தேடுபொறி கண்டுகொள்ளத் தாமதமாகும் என்பதும் உண்மை. நீங்கள் உறுப்பினராக இருக்கும் வணிகச் சங்கத்திடம், நீங்கள் சரக்கு எடுக்கும் கம்பெனியிடம் உங்கள் முகவரியையும் போடச் சொல்வதில் குற்றமில்லை. அங்கே உறவு முன்பே இருக்கிறது. இணைப்பு அதைப் பதிவு செய்கிறது, அவ்வளவுதான். நான் பேசுவது உறவே இல்லாத இடத்தில் இணைப்பை மட்டும் முளைக்கவைக்கும் தொழிலைப் பற்றி.

இணைப்புக்கு விலை எங்கிருந்து வந்தது? யூஜின் கார்ஃபீல்ட் 1964-ல் அறிவியல் மேற்கோள் அட்டவணையைக் கொண்டுவந்தார். எந்த ஆய்வுக் கட்டுரையைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால், அதன் செல்வாக்கை ஓரளவு அளக்கலாம் என்பது அதன் அடிப்படை. பின்னாளில் கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் அதே யோசனையை இணையத்துக்குப் பெயர்த்தார்கள். முக்கியமான பக்கங்கள் எதைச் சுட்டுகின்றனவோ அது முக்கியம். 1998-ல் எழுதிய பேஜ்ரேங்க் ஆய்வறிக்கையில் அவர்கள் ஒரு கேள்வியைத் தாங்களே எழுப்பிக்கொண்டார்கள்: வணிகர்கள் இதை வளைக்க முடியுமா? ஏறக்குறைய முடியாது என்பது அவர்கள் முடிவு. முக்கியமான தளங்களில் காசு கொடுத்து இணைப்பு வாங்கலாமே என்பதையும் அவர்கள் யோசிக்காமல் இல்லை. அதற்குச் செலவாகும், ஆகவே கட்டுக்குள் இருக்கும் என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டார்கள்.

கணினி அறிவியலில் இவ்வளவு வெகுளியான வரி அதிகம் இருக்காது. செலவாகும் என்றால் செலவழிக்க முடிந்தவன் செய்வான். செய்தான். 2000-ன் கடைசியில் வந்த கூகுள் டூல்பார் ஒவ்வொரு பக்கத்துக்கும் பூஜ்யத்திலிருந்து பத்து வரை பேஜ்ரேங்க் மதிப்பெண்ணைப் பச்சைப் பட்டையாகக் காட்டியது. சரக்கின் மேல் விலைச்சீட்டைக் கடைக்காரரே ஒட்டிக்கொடுத்த மாதிரி ஆயிற்று. 2016-ல் கூகுள் அந்த மதிப்பெண்ணை வெளியில் காட்டுவதை நிறுத்தியது. அதற்கென்ன, மாஸ் நிறுவனத்தின் டொமைன் அத்தாரிட்டியும் ஏரெஃப்ஸ் நிறுவனத்தின் டொமைன் ரேட்டிங்கும் அந்த இடத்தைப் பிடித்திருந்தன. தரவரிசைக்கு டொமைன் அத்தாரிட்டியைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் திரும்பத் திரும்பச் சொல்கிறது. இணைப்பு விற்பவர்களின் விலைப்பட்டியல் இன்றும் அதை வைத்துத்தான் ஓடுகிறது.

இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்பதற்கு அமெரிக்காவின் ஜேசி பென்னி கடையின் கதையைவிடத் தெளிவான சாட்சி இல்லை. உடுப்பு, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் அந்தக் கடை மாதக்கணக்கில் கூகுளில் முதலிடத்தில் நின்றது. சாம்சோனைட் பெட்டி என்று தேடினால், பெட்டியைத் தயாரிக்கும் நிறுவனத்துக்கும் மேலே நின்றது. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் ஒரு நிபுணரைக் கொண்டு ஆராயச் சொன்னபோது, உடுப்புக்கும் தங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத தளங்கள் பென்னியின் உடுப்புப் பக்கத்தைச் சுட்டிக்கொண்டிருந்தன. கார், நாய், குறட்டை, பல் மருத்துவம், குளியலறை ஓடு, மீன்பிடி, நகைச்சுவைத் துணுக்கு என்று எல்லாவிதத் தளங்களும் அதில் இருந்தன. கூகுள் கைவைத்தது. பிப்ரவரி 1 அன்று 59 தேடல் சொற்களுக்குச் சராசரியாக 1.3-வது இடத்தில் இருந்த கடை, பத்தாம் தேதி 52-வது இடத்துக்குப் போய்விட்டது. தனக்கு எதுவும் தெரியாது என்றது பென்னி. எஸ்இஓ நிறுவனத்தை வேலையிலிருந்து நீக்கியது. சுமார் மூன்று மாதத்தில் பழையபடி மேலே வந்தது.

இது கறுப்புத் தொப்பிதானே, இதை வைத்து எங்களை ஏன் குறை சொல்கிறீர்கள் என்று வெள்ளைத் தொப்பிக்காரர்கள் கேட்பார்கள். அதே பிப்ரவரியில் மாட்டிக்கொண்ட ஓவர்ஸ்டாக் கடையை அவர்கள் எந்தப் பத்தியில் எழுதுவார்கள்? அந்தக் கடை யாருக்கும் ரொக்கம் கொடுக்கவில்லை. கல்லூரித் தளங்களிடம், எங்களுக்கு இணைப்புத் தாருங்கள், உங்கள் மாணவருக்கும் ஆசிரியருக்கும் பத்து சதவீதம் தள்ளுபடி தருகிறோம் என்றது. கேட்டு வாங்கியது. மாணவருக்கு நன்மையும் உண்டு. எந்த வகுப்பிலும் நல்ல உதாரணமாகக் காட்டியிருக்கலாம். கூகுள் அதற்கும் தண்டனை கொடுத்தது.

வெள்ளை என்று சொல்லப்பட்ட ஒவ்வொன்றின் வரலாறும் இப்படித்தான். கட்டுரைக் களஞ்சியங்களில் எழுதிப்போடுவது ஒரு காலத்தில் வெள்ளை. 2012 ஏப்ரலில் அப்படிப்பட்ட இணைப்புகளைத் தண்டிக்கும் பெங்குயின் என்ற கூகுள் அல்காரிதம் வந்தது; ஆங்கிலத் தேடல்களில் 3.1 சதவீதம் அதனால் பாதிக்கப்பட்டதாகக் கூகுளே சொன்னது. இணைப்பு விற்றவர்களில் சிலர் அதை எடுத்துவிடுவதற்கும் கட்டணம் கேட்ட காலம் அது. பத்திரிகைக் குறிப்பு வெளியிட்டு அதில் விற்பனைச் சொற்களுக்கு இணைப்பு வைப்பது வெள்ளை. 2013-ல் அது விதிமீறல் பட்டியலில் ஏறியது. கெஸ்ட் போஸ்ட் சந்தேகமே இல்லாமல் வெள்ளை. 2014 ஜனவரியில், கூகுளில் ஸ்பேம் எதிர்ப்புக்குத் தலைமை தாங்கிய மேட் கட்ஸ், இணைப்புக்காக அதைச் செய்கிறவர்கள் நிறுத்திக்கொள்ளலாம் என்று வெளிப்படையாக எழுதினார். பெரிய செய்தித் தளங்கள் தங்கள் பெயருக்குக் கீழ் ஒரு மூலையைக் கூப்பன் வியாபாரிகளுக்கு வாடகைக்கு விடுவது பத்தாண்டு மரியாதையாக நடந்தது. 2024 மார்ச்சில் அதற்கும் ஒரு விதி வந்தது. இந்த நிறங்களைத் தீர்மானிப்பது கண்டுபிடிக்கும் இயந்திரத்தின் கூர்மை மட்டுமே. இன்னும் பிடிபடாததற்கு வெள்ளை என்று பெயர்.

கூகுள் வெகுகாலம் தளக்காரர்களுக்கு ஓர் உரைகல்லைத் தந்திருந்தது: தேடுபொறியே இல்லாவிட்டாலும் இதைச் செய்வேனா? கூகுள்மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. முதலிடத்திலிருந்து இறங்கியவர் விளம்பரத்துக்குப் பணம் கட்டத்தான் வருவார் என்பது அதற்குத் தெரியாததல்ல. ஆனால் இந்தக் கேள்வி நல்ல கேள்வி. மாதம் பத்து கெஸ்ட் போஸ்ட் எழுதித் தரும் ஏஜென்சியை இந்தக் கேள்விக்கு முன் நிறுத்துங்கள். தேடுபொறி இல்லையென்றால், டைல்ஸ் கடைக்காரருக்காக ஒரு பயணத் தளத்தில் "வீட்டை அழகாக்கப் பத்து வழிகள்" எழுதுவார்களா? யார் படிப்பதற்கு? "உங்கள் கட்டுரையை மிகவும் ரசித்தேன்" என்று தொடங்கி, மூன்றாவது வரியில் இணைப்புக் கேட்கும் அந்த மின்னஞ்சலை யாருக்காவது அனுப்புவார்களா? கூலிக்கு மாரடிப்பவர் அழுகையில் கண்ணீர் அசலா நகலா என்று ஆராய்வது வீண். இழவு வீட்டுக்கு அவரை யார், எதற்காகக் கூட்டிவந்தார்கள் என்பது ஒன்றே போதும்.

டிஜிட்டல் பிஆர் இதிலிருந்து வேறானது என்பார்கள். ஏதோ ஒரு மெத்தைக் கம்பெனி, எந்த நகரத்துக்காரர்கள் குறைவாகத் தூங்குகிறார்கள் என்று ஓர் ஆய்வு நடத்தும்; நாளிதழ்கள் போடும்; கூடவே இணைப்பு வரும். ஆய்வு என்ற பெயருக்குத் தகுதியான ஒன்றிரண்டு அதில் இருக்கக்கூடும். இருக்கட்டும். முடிவு செய்தியாக வேண்டும் என்று முதலில் தீர்மானித்துவிட்டு அதற்கேற்பக் கேள்வி தயாரிக்கும் வேலைக்கு அறிவு உற்பத்தி என்று பெயர் சூட்ட எனக்கு மனம் வரவில்லை. செய்தி அறையில் ஆள் குறைந்துபோன காலத்தில் இலவசமாகக் கிடைக்கும் செய்தி என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி ஒன்றும் தெரியவில்லை.

இந்த விவாதம் முழுவதிலும் தேடுகிறவர் காணாமல் போகிறார். தளக்காரருக்கு இடம் கிடைத்ததா, கூகுளுக்குத் தெரிந்துவிட்டதா என்பதே பேச்சு. நல்ல பெட்டி தேடி வந்தவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்பார் இல்லை. அதைவிடப் பெரிய நஷ்டம், சும்மா இணைப்புத் தந்துகொண்டிருந்தவர்கள் கையை இழுத்துக்கொண்டது. தமிழ் வலைப்பதிவுகளின் தொடக்க காலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காசி ஆறுமுகம் 2004-ல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டியைச் சுற்றி எழுதியவர்கள் பாராட்டவும் இணைப்புத் தந்தார்கள், திட்டவும் தந்தார்கள். எதிராளி எழுதியதைப் படித்துவிட்டு வாருங்கள், பிறகு நான் சொல்வதைக் கேளுங்கள் என்று சண்டைக்காகத் தந்த இணைப்பைப்போல நேர்மையானது வேறில்லை. அப்போதே பின்னூட்டப் பெட்டிகளில் மாத்திரையும் சூதாட்டமும் விற்பவர்கள் நுழைந்துவிட்டார்கள். அதைத் தடுக்க 2005 ஜனவரியில் கூகுள், யாகூ, எம்எஸ்என் மூன்றும் சேர்ந்து நோஃபாலோ குறியை ஏற்றன. இந்த இணைப்பை எண்ணாதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி அது.

2007-ல் ஆங்கில விக்கிப்பீடியா தன் வெளி இணைப்புகள் எல்லாவற்றுக்கும் அந்தக் குறியைப் போட்டது. பல பெரிய இதழ்கள் அதையே கொள்கையாக்கின. சில வெளி இணைப்பே தருவதில்லை என்று முடிவெடுத்தன. அந்த எச்சரிக்கையைக் குறை சொல்ல முடியாது. எந்த இணைப்பு விலைபோனது, எந்த இணைப்பு மனதாரக் கொடுத்தது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாதபோது எல்லாவற்றையும் சந்தேகிப்பதே பாதுகாப்பு. விளைவாக, பணமும் ஆளும் வைத்துக் கேட்கிறவர்களின் இணைப்பு பெருகியது, கேட்காதவர்களுக்குக் கிடைக்கவேண்டிய இணைப்பு அருகியது. 2019-ல் கூகுள் நோஃபாலோவைக் கட்டளையாகக் கொள்ளாமல் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்வோம் என்று இறங்கிவந்தது. இணைப்புகளிலிருந்து கற்றுக்கொள்ளக் கிடைத்த செய்தி கையைவிட்டுப் போகிறது என்று அப்போதுதான் புரிந்தது போலும். கேட்டு வாங்குவதால் யாருக்கும் நஷ்டமில்லை என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

தண்டனையிலும் கூகுள் ஆள் பார்க்கிறது. 2013-ல் பிரிட்டனின் இன்டர்ஃபுளோரா பூக்கடை செய்தித்தாள்களின் விளம்பரக் கட்டுரைகள் வழியே இணைப்புச் சேர்த்து மாட்டியது. பதினொரு நாளில் மன்னிப்பு. அதே ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று விழுந்த ராப் ஜீனியஸ் என்ற பாடல்வரித் தளம் பத்து நாளில் எழுந்தது. கூகுள் தன் குரோம் உலாவிக்கான விளம்பரப் பதிவுகளுக்காகத் தன்னையே அறுபது நாள் தண்டித்துக்கொண்டதை நேர்மைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். ஆனால் பெயர் தெரியாத கடைக்காரருக்காக எந்தப் பத்திரிகையும் எழுதாது. அவர் தளம் ஏன் கீழே போனது என்று அவருக்கே தெரியாது. மாதக் கட்டணம் வாங்கியவர் "அல்காரிதம் அப்டேட்" என்று சொல்லிவிட்டு அடுத்த மாதப் பில்லை அனுப்புவார்.

எல்லோரும் செய்கிறார்கள், நான் மட்டும் சும்மா இருந்தால் போட்டியாளர் முந்திவிடுவாரே என்ற பயம் நியாயமானது. அந்தப் பயத்தில்தான் இந்தத் தொழில் உட்கார்ந்திருக்கிறது. 2016-ல் உள்ளடக்கத்தோடு சேர்த்து இணைப்பை முதல் மூன்று காரணிகளில் ஒன்றாகச் சொன்ன கூகுள், 2024-ல் தன் ஊழியர் கேரி இல்லியஸ் வாயிலாக, பக்கங்களை வரிசைப்படுத்த மிகக் குறைந்த இணைப்புகளே போதும் என்றது. நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்வதை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. ஆனால் ஏஜென்சிகளே வேறு கடை விரிக்கத் தொடங்கிவிட்டன. ஏஐ பதில்களில் உங்கள் பெயர் வரவேண்டும், அதற்கு நாலு இடத்தில் உங்கள் பெயரைச் சொல்லவைக்கிறோம் என்கிறார்கள். இணைப்புகூட வேண்டாமாம், பெயரைச் சொன்னால் போதுமாம். அந்த விளம்பரங்களிலும் "முழுக்க முழுக்க வெள்ளைத் தொப்பி முறை" என்றுதான் போட்டிருக்கிறது.