மாடத்தில் மறைந்த மெய்

முதற்படியைத் திருத்துவதென்றால் பிழை களைவதும் மிகை குறைப்பதும் நடையைச் செப்பனிடுவதுமே என்று பலர் எண்ணுவர். கருத்தும் அந்தக் கத்திரிக்கு இரையாவதுண்டு என்பதை எண்ணுவோர் சிலரே!

அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீ, 1957-இல் லிப்பின்காட் பதிப்பகத்திடம் ஒரு புதினம் தந்தார். பதிப்பாசிரியர் டே ஹோஹாஃப் அம்மையார் அதனை அப்படியே அச்சேற்றவில்லை. கதைத்தலைவியின் இளமை நினைவுகளே உயிருள்ள பகுதி, அதனையே நூலாக்குக என்றார். இரண்டாண்டுக்கு மேல் எழுதினார், அடித்தார், மீண்டும் எழுதினார் லீ. அதுதான் 1960-இல் வெளிவந்து, மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்ற ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’. முதற்படியோ 2015-இல்தான் ‘கோ செட் எ வாட்ச்மேன்’ என்ற பெயரில் வந்தது. 89 வயது மூதாட்டி மனமொப்பித்தான் இசைந்தாரா என்ற ஐயமும் அப்போது எழுந்தது. அது தனிக் கதை.

கதை என்ற அளவில் ஹோஹாஃப் கூறியது சரியே. முதற்படியின் பிற்பகுதியில் பாத்திரங்கள் வாதாடியே ஓய்கின்றன. திருந்திய நூலிலோ, ஒரு சிறுமியின் கண்வழியே ஊரே நடமாடுகிறது. ஆயின், அதற்குக் கொடுத்த விலை என்ன?

நீதிமன்ற மாடத்தைப் பாருங்கள், தோழர்களே! கறுப்பின மக்களுக்கென ஒதுக்கப்பட்ட மாடம் அது. கறுப்பரான டாம் ராபின்சனுக்காகத் தன் தந்தை அட்டிக்கஸ் வாதாடுவதைத் திருந்திய நூலில் அங்கிருந்தே காண்கிறாள் சிறுமி. வழக்குத் தோற்கிறது. ஆயினும் வெளியேறும் வழக்கறிஞருக்காக மாடத்திலுள்ளோர் அனைவரும் எழுந்து நிற்கின்றனர்! படிப்போர் கண்ணீர் உகுக்கும் கட்டம். நமக்கோ கேள்வி பிறக்கிறது: உரிமை பறிக்கப்பட்டோர், பறித்த கூட்டத்திலே நல்லவர் ஒருவர் இருந்தார் என்பதற்காக நன்றி செலுத்தி நிற்க வேண்டுமா?

முதற்படியிலும் அதே மாடம். வளர்ந்துவிட்ட மகள் அங்கிருந்து காண்பதோ, இனவெறி நஞ்சைக் கக்கும் பேச்சாளன் அருகே அமைதியாக வீற்றிருக்கும் தந்தையை! பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாதென 1954-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், அதனை எதிர்க்க முளைத்த வெள்ளையர் மன்றங்களில் ஒன்று கூட்டிய கூட்டம் அது. இத்தனைக்கும், முதற்படியில் கறுப்பிளைஞனுக்காக வாதாடி விடுதலையே பெற்றுத் தந்தவர் அவர். ஒருவனுக்கு நீதி, தருவார். ஓரினத்துக்குச் சமத்துவம் என்றதும் கதவடைப்பார்! இத்தகைய கனவான்கள் எந்த நாட்டில்தான் இல்லை? அவரை அடையாளம் காட்டிய ஏடு 58 ஆண்டு உறங்கியது; அவரைப் புனிதராக்கிய ஏடு பள்ளிப் பாடமாயிற்று.

இன்னொன்றும் மறைந்தது. தாயாய் வளர்த்த சமையற்காரி கல்பூர்னியாவின் பேரன் முதற்படியில் வழக்கொன்றில் சிக்குகிறான். தேடி வந்த அந்தப் பெண்ணை, அயலாளிடம் காட்டும் மரியாதையோடு எதிர்கொள்கிறாள் கிழவி. எங்களை வெறுத்தாயா என்று கேட்கிறாள் வளர்ப்பு மகள். உடனே விடையில்லை, பிறகு, இல்லையெனத் தலை மட்டும் அசைகிறது. அந்தச் சில நொடிகளுக்கு 1960-ஆம் ஆண்டு நூலில் இடமில்லை.